தயாரிப்பு நிறுத்தப்பட்ட பௌலிங் பந்தை ஆன்லைனில் வாங்குவது எப்படி: பணம் கட்டும் முன்பும் துளை போடும் முன்பும்

இது அமெரிக்காவில் பௌலிங் (பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம்) லீக் ஆடுகிறவர்களுக்கான பதிவு. உங்கள் கை அளவு, உங்களுக்கு ஏற்ற எடை, ரியாக்டிவ் பந்துக்கும் (பிடிப்போடு வளைந்து போவது) பிளாஸ்டிக் பந்துக்கும் (பெரும்பாலும் நேராகப் போவது) உள்ள வித்தியாசம் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாதென்றால் இப்போதைக்கு ஆன்லைன் பக்கம் போகாமல் பக்கத்து ப்ரோ ஷாப்பில் (பந்து விற்றுத் துளையும் போட்டுத் தரும் கடை) ஒரு பந்து வாங்கி ஒரு சீசன் ஆடிவிட்டு வாருங்கள்.

பௌலிங் பந்துகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் கேட்டலாக்கிலிருந்து போய்விடும். ஸ்டார்ம் நிறுவனத்தின் ஹை-ரோடு போல ஆண்டுக்கணக்கில் நின்றவை குறைவு. அதனால் பிடித்த பந்து வெடித்துப்போனால் அதே மாடலைத் தேடி ஈபேக்கும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸுக்கும்தான் போக வேண்டியிருக்கும். அங்கே பலர் பந்தின் பெயரைப் பார்த்தே வாங்குகிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் எந்த ஆண்டில் தயாரானது, எத்தனை கோடைகள் எந்த கராஜில் கிடந்தது என்பது பந்துக்குப் பந்து மாறும். நீங்கள் வாங்கப்போவது அந்த மாடலை அல்ல, அந்த ஒரு பந்தை.

படி 1: சரியான பெயரைக் கண்டுபிடியுங்கள்

ஒரே பெயரில், கவர்ஸ்டாக் (பந்தின் வெளி ஓடு) வகையில் மாறுபட்ட சாலிட், பேர்ல், ஹைப்ரிட் என்று மூன்று பந்துகள் இருக்கலாம். மூன்றும் லேனில் (பந்து ஓடும் பாதை) மூன்று விதமாக ஓடும். ஹேமர் நிறுவனத்தின் பிளாக் விடோ போன்ற பெயர்கள் வேறு வேறு கவர்ஸ்டாக்கோடு திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. அதனால் பெயர், கவர்ஸ்டாக் வகை, நிறம், வெளிவந்த ஆண்டு நான்கையும் தயாரிப்பாளரின் பழைய பந்துகள் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. விளம்பரத்தில் போடும் ஆர்.ஜி. (எடை பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது), டிஃபரென்ஷியல் (அச்சுக்கு அச்சு ஆர்.ஜி. மாறும் அளவு) எண்கள் பெரும்பாலும் 15 பவுண்டு பந்துக்கானவை. 12, 13 பவுண்டில் பல மாடல்களுக்கு வேறு பொதுவான கோர்தான் (உள்ளே இருக்கும் எடைக்கட்டி) வைத்திருப்பார்கள். 13 பவுண்டு ஆடுகிறவர் 15 பவுண்டு பந்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு வாங்கினால் அந்த ஓட்டம் கிடைக்காது.

படி 2: அனுமதிப் பட்டியலைப் பாருங்கள்

பொழுதுபோக்குக்கு ஆடுவதென்றால் இதைத் தாண்டிப் போகலாம். யு.எஸ்.பி.சி. (அமெரிக்க பௌலிங்கின் விதிகளை வகுக்கும் அமைப்பு) சான்று பெற்ற லீக் என்றால் தாண்டக் கூடாது. நிறுத்தப்பட்ட பந்துகளும் அவர்கள் தளத்தில் உள்ள பட்டியலில் இருக்கும். அனுமதி ரத்தானவை தனி. மோட்டிவ் நிறுவனத்தின் ஜாக்கல், ஜாக்கல் கார்னேஜ் இரண்டுக்கும் டிஃபரென்ஷியல் 0.060 என்ற வரம்பைத் தாண்டியதால் 2016-ல் அனுமதி போனது. ஸ்டார்ம் ஸ்பெக்டருக்குக் கடினத்தன்மை போதாமல் 2022-ல் போனது. ஹேமரின் ஊதா யூரித்தேன் (கவர்ஸ்டாக்கில் இன்னொரு வகை) பந்தில் 2016, 2017-ல் தயாரானவற்றைத் தேசியப் போட்டிகளில் எடுக்க முடியாது. அதே பந்து, அதே நிறம், தயாரிப்பு ஆண்டு மட்டும் வேறு. இதனால்தான் படி 4-ல் சீரியல் எண்ணைக் கேட்கச் சொல்கிறேன். எண் கையில் இருந்தால் எப்போது தயாரானது என்று தயாரிப்பாளரிடமே எழுதிக் கேட்கலாம்.

அனுமதி போன பந்துகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கலாம். விற்பவர் காரணத்தைச் சொல்லாமல் இருக்கலாம்.

படி 3: தேடும் விதம்

விற்பவர்கள் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதுவார்கள், அது நமக்குச் சாதகம். ஹை-ரோடை இடைக்கோட்டோடு, இடைவெளியோடு, ஒரே சொல்லாக, 'உயரம்' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் என்று நான்கு விதமாகத் தேடுங்கள். ஸ்டார்மின் இன்னொரு பந்தான ஐ-க்யூ டூரின் முதல் எழுத்து உண்மையில் ஓர் ஆச்சரியக்குறி. பாதிப்பேர் அதை ஐ என்றே போட்டிருப்பார்கள். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் ஈபேயில் தேடலாகச் சேமித்து அறிவிப்பு வரும்படி வையுங்கள்.

விலையைக் கணிக்க, விற்பனைக்கு இருப்பவற்றை நம்பாதீர்கள். 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். 400 டாலர் என்று யார் வேண்டுமானாலும் போடலாம். எந்த விலைக்குப் போனது என்பதுதான் கணக்கு.

எங்கே வாங்குவது என்று கேட்டால், துளையிடாத பழைய பந்துக்கு என் முதல் தேர்வு பௌலிங் கடைகளின் சொந்தத் தளங்களில் உள்ள மீதச்சரக்குப் பிரிவு. அதற்கடுத்து ஈபே. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் நேரில் போய்ப் பார்த்து வாங்க மட்டும். தபாலில் அனுப்புகிறேன் என்று அங்கே யாராவது சொன்னால் நான் ஒதுங்கிவிடுவேன்.

படி 4: விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

'புதிது, பெட்டி பிரிக்காதது' என்று எழுதியிருந்தால் அதற்குத் துளை போடவில்லை என்று மட்டுமே அர்த்தம். எட்டு ஆண்டு கராஜில் கிடந்ததும் அப்படித்தான் விற்கும். நான்கு படங்கள் கேளுங்கள்.

முதலாவது, பந்தில் பொறித்த சீரியல் எண். இரண்டாவது, பெட்டியின் மேல் உள்ள ஸ்டிக்கர். எடை, பின் தூரம், டாப் வெயிட் (மேல்பாதி கீழ்ப்பாதியைவிட எவ்வளவு கனம்), சீரியல் எண் பெரும்பாலும் அதில் இருக்கும். இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் பெட்டி மாறிப்போவது சாதாரணம். அப்படி மாறினால் ஸ்டிக்கரில் உள்ள எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை.

மூன்றாவது, பின் புள்ளியும் எடை மையக் குறியும் ஒரே படத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலோடு. பின் என்பது கோரின் உச்சியைக் காட்டும் சிறிய வண்ண வட்டம். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் பின் தூரம். 2 முதல் 4 அங்குலம் என்றால் எந்த டிரில்லரும் (துளை போடுபவர்) நீங்கள் கேட்கும் லேஅவுட்டைப் (துளைகள் அமையும் இடம்) போட்டுத்தருவார். அரை அங்குலத்துக்கும் குறைவாகவோ 5 அங்குலத்துக்கு மேலோ இருந்தால் வாங்குவதற்கு முன்பே உங்கள் டிரில்லரிடம் பேசுங்கள். அசிமெட்ரிக் பந்தென்றால் (கோர் சமச்சீராக இல்லாதது) மாஸ் பயஸ் குறியும் (அந்தக் கோர் எந்தப் பக்கம் கனம் என்று காட்டுவது) படத்தில் வர வேண்டும்.

டாப் வெயிட்டைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் பழைய அறிவுரைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். முன்பு பக்கவாட்டு எடை வித்தியாசம் 1 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கூடுதலாக ஒரு துளை போட்டுச் சரிசெய்வார்கள். 2020 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் துளைக்கே தடை வந்தது, வரம்பு எல்லாப் பக்கமும் 3 அவுன்ஸ் ஆனது. அதனால் 2 முதல் 4 அவுன்ஸுக்குள் டாப் வெயிட் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் கவலையில்லை. அதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

நான்காவது, பந்தின் முழுப்பரப்பும் தெரிய நான்கு பக்கமிருந்தும் எடுத்த படம், அல்லது பந்தை மெதுவாக உருட்டிக் காட்டும் சிறு வீடியோ. கீற்று விரிசல் பின்னைச் சுற்றியும் பொறித்த எழுத்துகளை ஒட்டியும் அடிக்கடி வரும். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால்தான் கண்ணில் படும்.

கூடவே இன்றைய தேதி எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைப் பந்தின் மேல் வைத்து ஒரு படம். பந்து கையில் இல்லாமல் விற்கிறவர்கள் இந்த இடத்தில் பதில் சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

'இரண்டாம் தரம்' என்று விற்கும் பந்துகள் வேறு வகை. நிறம் கலந்த விதத்திலோ லோகோவிலோ குறை என்றால் ஆட்டத்துக்குப் பாதிப்பில்லை. குறை என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 5: பணம்

பேபாலில் 'பொருள், சேவை' வழியில் மட்டும் கட்டுங்கள். 'நண்பர், குடும்பம்' வழியில் அனுப்பினால் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. கட்டணத்தை நானே ஏற்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், நேர்மையான விற்பனையாளர் ஒப்புக்கொள்வார். ஸெல் (வங்கிக் கணக்குகளுக்கு இடையே நேரடியாகப் பணம் அனுப்பும் சேவை) வழியே முன்பின் தெரியாதவருக்கு அனுப்பியது திரும்பி வராது. இப்போது கேட்டலாக்கில் உள்ள உயர்ரகப் பந்து எதையும் 49 டாலருக்கு விற்கும் புதுப்புது 'கிளியரன்ஸ்' கடைகள் ஃபேஸ்புக் விளம்பரத்தில் வரும். நடப்பு மாடல்களுக்குத் தயாரிப்பாளர்கள் விளம்பர விலையில் ஒரு கீழ்வரம்பு வைத்திருப்பார்கள். அதைவிட வெகு கீழே அங்கீகரிக்கப்பட்ட கடை எதுவும் விளம்பரம் செய்யாது.

படி 6: பார்சல் வந்ததும்

அட்டைப்பெட்டியை நான்கு பக்கமும் படம் எடுத்துவிட்டு வீடியோ ஓட, பிரியுங்கள். குளிர்காலமென்றால் உடனே பிரிக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் அப்படியே கிடக்கட்டும். உறைகுளிர் லாரியில் வந்த பந்தைச் சூடான அறையில் சட்டென்று எடுத்தால் கவரும் கோரும் ஒரே வேகத்தில் விரியாது. விரிசல் அப்படித்தான் தொடங்கும்.

பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நகத்தால் தடவிக்கொண்டே முழுப்பரப்பையும் பாருங்கள். நகம் தட்டினால் அது விரிசல் இல்லை என்று நிச்சயமாகும்வரை டிரில்லரிடம் கொண்டுபோகாதீர்கள். சீரியல் எண்ணை ஒப்பிடுங்கள். லக்கேஜ் தராசில் எடை பாருங்கள்.

இதையெல்லாம் துளை போடும் முன்பே முடித்துவிட வேண்டும். ஒரு துளை விழுந்துவிட்டால் எந்த விற்பனையாளரும் திரும்ப வாங்க மாட்டார், ஈபேயிலும் உங்கள் புகார் நிற்பது கடினம். ஈபேயில் புகார் கொடுக்கப் பொதுவாக 30 நாள் இருக்கிறது, அதனால் அவசரம் வேண்டாம். தயாரிப்பாளரின் உத்தரவாதத்தை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அது அங்கீகரிக்கப்பட்ட கடையில் முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்றுதான் வழக்கமாக எழுதியிருப்பார்கள்.

பல ஆண்டு சும்மா கிடந்த ரியாக்டிவ் பந்தின் கவர் கொஞ்சம் இறுகியிருக்கும், முதலில் வழுக்கும். 2000 அப்ரலான் பேடை (பந்தின் பரப்பைத் தேய்க்கும் உப்புத்தாள் போன்ற திண்டு) ஈரமாக்கி ஆறு பக்கமும் போட்டுவிட்டு ஆடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் புதுப்பந்தின் பிடி வராமல் போகலாம். அதை எண்ணிப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

பயன்படுத்திய பந்து வாங்கலாமா?

கணக்குப் போட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் வரும். பந்து 60 டாலர், அனுப்பும் செலவு 25 டாலர். மூன்று துளைகளை அடைக்கத் துளைக்கு 20 டாலர் வீதம் 60. விரல் இன்சர்ட், கட்டைவிரல் ஸ்லக்கோடு (துளைக்குள் பொருத்தும் உறைகள்) புதிதாகத் துளைக்க 70. மொத்தம் 215 டாலர். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனால் அந்தப் பணத்தில் புதுப்பந்து கிடைக்கும். போதாததற்குப் பழைய துளைகள் இருக்கும் இடத்தைச் சுற்றித்தான் உங்கள் லேஅவுட் அமைய முடியும். எண்ணெய் குடித்த கவரும் இருக்கும்.

விற்பவரின் கையும் உங்கள் கையும் ஏறக்குறைய ஒரே அளவு, கட்டைவிரல் ஸ்லக்கை மட்டும் மாற்றினால் போதும் என்றால் வாங்குங்கள். ஸ்பேன் அளவை (கட்டைவிரல் துளைக்கும் விரல் துளைகளுக்கும் உள்ள தூரம்) எழுத்தில் கேளுங்கள். இரண்டு விரல்களுக்கு நடுவே உள்ள பாலத்தைக் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள், விரிசலுக்கு மிகப் பிடித்த இடம் அது.

பின்சேர்க்கை 1: இரண்டு கையால் ஆடுகிறவர்கள் பயன்படுத்திய பந்து பற்றிக் கேட்கிறார்கள். கட்டைவிரலை நுழைக்காமல் ஆடினால் அந்தத் துளை பிடிக்கும் துளையாகக் கணக்கில் வராது. சான்று லீக்கில் அதை அடைத்தே ஆக வேண்டும். 2020-க்கு முந்தைய பந்துகளில் உள்ள கூடுதல் எடைத்துளைக்கும் இதே விதிதான். வாங்கும் விலையோடு அடைக்கும் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: யு.எஸ்.பி.எஸ். (அமெரிக்கத் தபால் துறை) ஃப்ளாட் ரேட் (எடையைப் பொறுத்து மாறாத ஒரே கட்டணம்) பெட்டியில் மலிவாக அனுப்பச் சொல்லலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். முடியாது. பந்தின் விட்டம் எட்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அவர்களின் பெரிய ஃப்ளாட் ரேட் பெட்டியே ஆறு அங்குல உயரத்தைத் தாண்டாது. சாதாரணப் பெட்டியில் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்பத்தான் கட்டணம், அதனால் பக்கத்து மாநிலத்து விற்பனையாளர் 10 டாலர் அதிகம் கேட்டாலும் கடைசியில் மலிவாக முடியலாம். தயாரிப்பாளரின் பெட்டியை அப்படியே அனுப்பாமல் இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, இடைவெளியைக் காகிதத்தால் இறுக்கி, அடிப்பக்கத் தையலுக்கு டேப்பை இரண்டு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். 15 பவுண்டு உருண்டை அடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, காலிப்பெட்டி மட்டும் வாசலுக்கு வந்துசேர்ந்த கதைகள் நிறைய உண்டு.