சேலத்திலிருந்து மீனம்பாக்கம்: விமானத்தைக் கோட்டை விடுவது எங்கே?

டிக்கெட்டில் 13ஆம் தேதி, 00:40 என்று இருந்தது. எங்கள் சித்தப்பா 13ஆம் தேதி மத்தியானம் வீட்டில் விருந்து வைத்து, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, சாயங்காலம் வேன் ஏறினார். விமானம் முந்தின ராத்திரியே துபாய் போய்ச் சேர்ந்துவிட்டது. 12ஆம் தேதி மத்தியானமே அவர் சேலத்தை விட்டிருக்க வேண்டும். சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டியே கிளம்புவதால், இந்த ஏமாற்றம் அவரோடு முடிவதில்லை.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் 3 மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். செக்-இன் கவுண்டரைப் பொதுவாக 1 மணி நேரம் முன்பு மூடிவிடுவார்கள். ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகக் காரில் 6 மணி நேரம். ஆனால் கூடுவாஞ்சேரிக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஞாயிறு மாலையில் மாட்டினால் அந்தக் கணக்கு செல்லாது. ஏற்காட்டுக்காரர்கள் 20 கொண்டை ஊசி வளைவையும் மூடுபனியையும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, விமான நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவது. மீனம்பாக்கம் ஊருக்குள் இல்லை, நாம் வரும் ஜி.எஸ்.டி. சாலை மேலேயே இருக்கிறது. இந்த வழியாக வரும் பஸ்ஸென்றால் கிளாம்பாக்கத்தில் இறங்கினால் போதும். கோயம்பேடு பழைய கதை. விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் ரயிலென்றால் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் நாலாவது நிறுத்தமான திரிசூலம். சாலைக்கு எதிர்ப்புறம்தான் விமான நிலையம். ஏற்காடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலுக்குப் போகும். அங்கிருந்து மெட்ரோவில் நீல வழித்தடம். பச்சையில் ஏறினால் பரங்கிமலையோடு முடிந்துவிடும். மெட்ரோ ராத்திரி முழுக்க ஓடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கே வேறு விமானம் மாறுகிறவர்கள் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது.

நம்மூர்ப் பெயர் இருக்கிறதே, அது இன்னொரு தலைவலி. ஊரில் 'பி. செல்வி'. பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும். டிராவல்ஸில் போனில் சொல்லி டிக்கெட் போட்டால் மறுபடி 'பி' வந்து உட்கார்ந்துகொள்ளும். பாஸ்போர்ட் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, வந்த டிக்கெட்டை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் விசிட் விசாவில் எளிதாக விடுவதில்லை. விசாவுக்குப் பணம் கட்டுமுன் விசாரித்துவிடுங்கள்.

டெர்மினல் குழப்பமும் உண்டு. வெளிநாட்டுக்கு டி2. உள்நாட்டுக்கு டி1, டி4 என்று இரண்டு. எது என்று டிக்கெட்டிலேயே இருக்கும்.

கடைசியாகப் பெட்டி. கொப்பரைத் தேங்காய் எந்தப் பையிலும் கூடாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ஊறுகாயும் நெய்யும் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. அம்மா கடைசி நிமிஷத்தில் வேன் ஜன்னல் வழியாக நீட்டும் மாவடு பாட்டிலை அங்கேயே, சாலையோரத்தில் வைத்தே, பெரிய பெட்டியைத் திறந்து துணிக்கு நடுவில் சுற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் அது குப்பைத்தொட்டிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.