மழைக்கு முன் முடிக்க வேண்டியவை: கல்லூரிச் சேர்க்கையில் மலைவாழ் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடியும், ரிசல்ட் மே மாதம் வரும், பொறியியல் கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்ட் என்று இழுக்கும். நீலகிரியில் அது தென்மேற்குப் பருவமழை கொட்டும் நேரம். தேவாலா, பந்தலூர் பக்கம் வெளியே தலைகாட்ட முடியாது. குன்னூர் மலைப்பாதையில் மரம் விழும், கரண்ட் போகும், எஸ்டேட் லைன் வீடுகளில் போன் சிக்னல் நிற்காது. கோவைக்காரர் கடைசி நாளில் ஓடிப்போய் முடிக்கிற வேலையை ஊட்டிக்காரரோ கூடலூர்க்காரரோ அப்படி முடிக்க முடியாது. இந்த மாதங்களில் வீட்டில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை என்பதுதான் சண்டை.

"ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பதில்தான் மற்ற தவறுகள் பலவும் தொடங்குகின்றன. சாதி, வருமானம், முதல் பட்டதாரி, பிறப்பிடம் ஆகிய நான்கு சான்றிதழ்களுக்கும் மதிப்பெண் தேவையில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக மேலே போகும். மே, ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் அந்த மேசைகளில் தேக்கம். சாதிச் சான்றிதழையும் முதல் பட்டதாரி சான்றிதழையும் தை, மாசியிலேயே வாங்கிவிடுங்கள். வருமானச் சான்றிதழைப் புதிதாகக் கேட்பார்கள் என்பதால் அதை மட்டும் ஏப்ரலுக்கு வைத்துக்கொள்ளலாம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் முன்னால் தொடங்க வேண்டும். பழங்குடியினர் சான்றிதழ் தாசில்தார் அளவில் முடியாது. அது கோட்டாட்சியர் நிலையில் விசாரணைக்குப் பிறகே வரும்.

முதல் பட்டதாரி சான்றிதழில் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் என்று யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. அடுத்தது, அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றால்தான் கல்விக் கட்டணச் சலுகை. ஏப்ரலிலேயே பயந்துபோய் மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்பணம் கட்டிவிட்டு, பிறகு இந்தச் சான்றிதழை நீட்டிப் பயனில்லை.

எருமாடு, சேரம்பாடி பக்கத்துப் பிள்ளைகள் சிலர் எல்லை தாண்டி கேரளத்தின் சுல்தான் பத்தேரியில் படிப்பார்கள். பள்ளி கிட்டத்தில் இருக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படிக்காதவர், தமிழ்நாட்டுக்காரர் என்று காட்டப் பிறப்பிடச் சான்றிதழ் வைத்தாக வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பம் பாதியில் நிற்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டின் கணக்கு வேறு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்கத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஓராண்டு அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாலும் அது போய்விடும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இதில் அரசுப் பள்ளியாகவே சேரும். பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. விடுதியில் தங்காமல் படிக்க வழியில்லாத மலைப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே ஐந்தாம் வகுப்பு முடித்த தங்கையை எந்தப் பள்ளியில் போடுவது என்ற பேச்சும் கல்லூரித் திட்டத்தில் சேர்ந்ததுதான்.

பெயர் விஷயம் அற்பமாகத் தெரியும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கும்போது திருத்துவது சுலபம். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபின் அலைச்சல்தான்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கிறவர்கள் அங்கே இருப்பவரின் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு வருவதுண்டு. பிறகு ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். அவர் கடை திறக்காத நாளில் நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல், கடவுச்சொல் உங்கள் நோட்டில்.

இனி விருப்பப் பட்டியல். மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது.

பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும். கணிதம் அப்படியே 100. இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. கணிதம் 84, இயற்பியல் 78, வேதியியல் 90 என்றால் 84 + 39 + 45, ஆக 168. இந்த மதிப்பெண் உள்ள பிள்ளையிடம் "நமக்குக் கிடைக்கிறதை முதலில் போடு" என்கிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது. கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். உங்கள் முறை வரும்போது எந்த வரியில் முதலில் இடம் காலியாக இருக்கிறதோ அதைத் தந்துவிட்டு நின்றுவிடும். போன ஆண்டு 180-இல் மூடிய கல்லூரியை முதலில் வைத்தால் நஷ்டம் எதுவும் இல்லை, கிடைக்காவிட்டால் அடுத்த வரிக்குப் போகும். ஆனால் 150-இல் கிடைக்கும் கல்லூரியை முதலில் வைத்தால், கீழே எழுதிய 165 கல்லூரியைக் கணினி பார்க்கவே பார்க்காது. அதனால் பிடித்த வரிசையில் எழுதுங்கள், கிடைக்கும் வரிசையில் எழுதாதீர்கள். எண்ணிக்கைக்கு வரம்பில்லை. பத்தோடு நிறுத்திவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது வீண் மன உளைச்சல்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் "ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறிக்கொள்கிறேன்" என்று ஒரு வாய்ப்பு உண்டு. மேலே என்றால் உங்கள் பட்டியலில் அதற்கு மேல் நீங்களே எழுதிய வரிகள். அதில் ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஹட்டியில் (படுகர் ஊரில்) யாரோ சொன்னார் என்று மனமில்லாமல் மேலே சேர்த்த கல்லூரி ஒன்று இருந்தால் அதுவே உங்கள் தலையில் வந்து விழும். இன்னொன்று: கல்லூரிப் பெயர்கள் ஒன்றுபோல இருக்கும், குறியீட்டு எண்ணைப் பார்த்தே தேர்வு செய்யுங்கள். பட்டியலைத் தாளில் எழுதி முடித்துவிட்டு, முதல் நாளே வெயிலும் சிக்னலும் இருக்கும்போது பதிவேற்றுங்கள். கடைசி நாள் மாலை மலையில் நம்பத் தகுந்த நேரம் இல்லை.

பொறியியலும் மருத்துவமும் தவிர வேறெதுவும் இல்லை என்பதுபோல வீடுகளில் பேசுவதும் ஒரு தவறு. ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955 முதல் இருக்கிறது, வனவிலங்கு உயிரியல்கூட அங்கே படிக்கலாம். கூடலூரிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தை எப்படியும் போட்டுவையுங்கள், செலவு சொற்பம். வீட்டில் ஓர் இடம் உறுதியானால் கலந்தாய்வைப் பதற்றமில்லாமல் பார்க்கலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். கணக்கு மாணவர் பெயரில், ஆதார் இணைத்து இருக்க வேண்டும். அப்பா கணக்கு உதவாது.

சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி. வைத்துக்கொள்கிறோம் என்றால் கேட்டு வாங்குங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து வைத்திருங்கள்.

பணக் கணக்கில் கல்விக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. விடுதி, மெஸ், பஸ், தேர்வுக் கட்டணம், சீருடை, மடிக்கணினி எல்லாவற்றையும் நான்கு ஆண்டுக்கும் எழுதிக் கூட்டுங்கள், பிறகு கல்லூரியை ஒப்பிடுங்கள். கல்விக் கடனில் 4 லட்சம் வரை பொதுவாகச் சொத்து ஈடும், செலவில் குடும்பம் போட வேண்டிய பங்கும் கேட்பதில்லை. கூடலூர் ஜென்ம நிலத்தில் பட்டா இல்லாமல் தவிக்கும் குடும்பங்களுக்கு இது முக்கியம், ஈடு வைக்க அவர்களிடம் காகிதம் இருக்காது. படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். மாதாமாதம் அந்த வட்டியையாவது கட்டிவந்தால் பின்னால் சுமை குறையும்.

தேயிலை வீடுகளுக்கு ஒரு கூடுதல் கணக்கு. முதல் தவணை மழைக்காலத்தில் வரும், எப்படியோ சமாளித்துவிடுவார்கள். இரண்டாம் செமஸ்டர் கட்டணம் டிசம்பர், ஜனவரியில் விழும்போது உறைபனியில் செடி கருகிக் கொழுந்து வரத்து குறைந்திருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலைப் பணம் வரும்போதே ஒவ்வொரு பட்டுவாடாவிலும் ஒரு பங்கை அந்தப் பிள்ளையின் கணக்கில் போட்டுவையுங்கள்.