ஆபீஸ் சந்தாவை விட்டு லிப்ரே ஆபீஸுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மட்டும் மூன்று பேர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். ஒருவர் கோவில் செயலாளர். ஒருவர் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர். இன்னொருவர், தோட்டங்களுக்கு அறுவடை ஆள் அனுப்பும் ஒரு குத்தகையாளரின் மகள். மூவருக்கும் ஒரே கதைதான். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா முடிந்தது, இனி வருடா வருடம் பணம் கட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸுக்கு மாற நினைத்தார்கள், அன்று இரவே எல்லாக் கோப்பையும் மாற்றினார்கள், மறுவாரம் மாட்டிக்கொண்டார்கள். 2023-ல் நான் செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சின்னச் சின்ன நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் கணக்கும் சம்பளப் பட்டியலும் எழுதிக் கொடுப்பது என் தொழில். மாறியது நல்ல முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். என் வேலை முழுக்க லிப்ரே ஆபீஸில்தான் நடக்கிறது. காப்பு நகல் எடுங்கள், சரியான பக்கத்திலிருந்து இறக்குங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பெயரைப் பார்த்து ஓப்பன் ஆபீஸை இறக்குவது

கோவில் செயலாளர் லிப்ரே ஆபீஸ் என்று நினைத்து இறக்கியிருந்தது இதைத்தான். ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010-ல் பிரிந்து வளர்ந்ததுதான் லிப்ரே ஆபீஸ். புது வேலைகள் எல்லாம் இந்தப் பக்கம்தான் நடக்கின்றன. அந்தப் பக்கம் இன்னும் 2014-ல் வந்த 4.1 வரிசையிலேயே நிற்கிறது. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பை அது திறக்கும், ஆனால் அந்த வடிவில் திருப்பிச் சேமிக்காது. நீக்கிவிட்டு லிப்ரே ஆபீஸைப் போடுங்கள்.

திறந்ததைப் பார்த்து, மாறிவிட்டது என்று நம்புவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு அதிகம் செலவு வைத்த தவறு இது. இன்றைக்கும் யாராவது செய்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

என்னிடம் ஒரு குத்தகையாளரின் சம்பளப் பட்டியல் இருந்தது. செம்பனை வெட்டுவதற்கும், பழக்குலை ஏற்றுவதற்கும், உதிர்ந்த பழம் பொறுக்குவதற்கும் சேர்த்து 26 பேர். கோப்பில் இரண்டு தாள்கள். முதல் தாளில் பெயர், வேலை நாள், எடை, சம்பளம். இரண்டாவது தாளில், இபிஎஃப் என்ற தொழிலாளர் சேமநிதிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லும் மூன்றாம் அட்டவணை. தொழிலாளிக்கு 11 விழுக்காடு, 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு என்று வாய்ப்பேச்சில் சொல்கிறோம். ஆனால் கட்ட வேண்டிய தொகை அட்டவணைப்படிதான். அந்தச் சம்பளம் வரை 20 ரிங்கிட்டுக்கு ஒரு படி. 1,850 ரிங்கிட் சம்பளத்துக்குக் கால்குலேட்டரில் 11 விழுக்காடு போட்டால் 203.50 வரும். அட்டவணையில் 1,840.01 முதல் 1,860 வரை ஒரே படி, தொழிலாளி பங்கு 205. அந்தப் படியைத் தேடி எடுக்க, பட்டியலை முதலில் செய்தவர் எக்ஸ்லுக்கப் என்ற சூத்திரத்தைப் போட்டிருந்தார்.

எக்ஸ்லுக்கப் மைக்ரோசாஃப்ட் 365-ல் உண்டு. எக்செல் 2016-லும் 2019-லும்கூடக் கிடையாது. லிப்ரே ஆபீஸில் அது 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பில்தான் சேர்ந்தது. அன்று என் கணினியில் இருந்தது 7.5.

கோப்பைத் திறந்தேன். 26 வரியிலும் எண்கள் அப்படியே நின்றன. கீழே மொத்தத் தொகை, போன மாத அச்சோடு சென் பிசகாமல் ஒத்துப்போனது. சரி, மாறியாச்சு என்று லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவான ஓடிஎஸ் வடிவில் சேமித்துவிட்டு, இடத்தை அடைக்கிறதே என்று பழைய எக்செல் கோப்பை அழித்தேன்.

எனக்கு அப்போது ஒரு விஷயம் தெரியாது. லிப்ரே ஆபீஸின் கணக்குத்தாளான கால்க், எக்செல் கோப்பைத் திறக்கும்போது தானாகக் கணக்குப் போடுவதில்லை. எக்செல் கடைசியாகப் போட்டுச் சேமித்து வைத்த விடையை எடுத்துக் காட்டுகிறது. நாம் மாற்றாதவரை அதன் அமைப்பு அப்படித்தான் இருக்கும். ஆக, நான் அச்சோடு ஒத்துப் பார்த்தது எக்செல் விட்டுப் போன பழைய விடையை. லிப்ரே ஆபீஸுக்கு அந்தக் கணக்கைப் போடத் தெரியுமா என்று நான் சோதிக்கவே இல்லை.

அடுத்த மாதம் புதுச் சம்பளத்தைத் தட்டினேன். நாள் சம்பளக்காரர்களின் வரிகள் மாறாமல் நின்றன. எடைக்குக் கூலி வாங்கும் ஒன்பது பேரின் வரியில் மட்டும் இபிஎஃப் தொகை காணாமல் போய், நேம் என்று கேள்விக்குறியோடு ஒரு பிழை வந்தது. மாதம் 15-க்குள் இபிஎஃப்பும், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்டியாக வேண்டும். அன்று தேதி 13, மணி இரவு ஒன்பது. ஒன்பது பேருக்கும் கால்குலேட்டரில் 11 விழுக்காடு போட்டு, சூத்திரம் இருந்த கட்டத்திலேயே எண்ணைத் தட்டிவிட்டேன். பிழை மறைந்தது. மொத்தம் வந்தது. வேலை முடிந்தது என்று கடையைச் சாத்தினேன்.

அதற்கடுத்த மாதம் அந்த ஒன்பது பேரின் சம்பளம் மறுபடி மாறியது. ஆனால் இபிஎஃப் கட்டத்தில் இருந்தது என் கையால் தட்டிய எண். அது எப்படி மாறும்? பிழைக்குறி எதுவும் இல்லையே என்று நானும் கவனிக்கவில்லை. இப்படியே மூன்று மாதம் ஓடியது.

கண்டுபிடித்தது நான் இல்லை. பழம் பொறுக்கும் வேலையில் இருந்த ஓர் அக்கா. பேரன் கைப்பேசியில் இபிஎஃப்பின் ஐ-அக்காவுன் செயலியைத் திறந்து காட்டியிருக்கிறான். சம்பளச் சீட்டுகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். “தம்பி, முந்துன மாசம் மழை, வேலை கம்மி. போன மாசம் சம்பளம் கூட வந்துச்சு. இபிஎஃப் மட்டும் ஏன் ரெண்டு மாசமும் ஒரே மாதிரி இருக்கு?” என்று கேட்டார். சீட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்து, விரலால் ஒவ்வொரு தொகையாகத் தொட்டுக் காட்டினார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு மூன்று இரவு உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் அட்டவணையைக் கையால் பார்த்துக் கணக்கிட்டு, குறைந்த தொகையையும் தாமதக் கட்டணத்தையும் கட்டி முடித்தேன். தாமதக் கட்டணம் என் கைப்பணம். தலைக்குச் சில ரிங்கிட்தான் வித்தியாசம். ஆனால் அது குனிந்து குனிந்து பழம் பொறுக்கிச் சேர்க்கிற காசு, வயதான காலத்துக்கு என்று ஒதுக்குகிற காசு. அதில் என் அவசரம் கை வைத்திருக்கிறது. மூலக் கோப்பு இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் சூத்திரங்களை மீட்டிருப்பேன். அதைத்தான் அழித்துவிட்டேனே.

ஆகவே சூத்திரம் உள்ள எந்தக் கோப்பையும் இப்படி மாற்றுங்கள். சந்தா முடிவதற்குள் எக்செல்லிலேயே அதைத் திறந்து பிடிஎஃப்பாக ஒரு பிரதி எடுங்கள். சந்தா முடிந்துவிட்டாலும் எக்செல் கோப்பைத் திறந்து பார்க்கவும் அச்சிடவும் விடும், திருத்தத்தான் விடாது. அப்புறம் அதே கோப்பைக் கால்க்கில் திறந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அப்போதுதான் எல்லாச் சூத்திரத்தையும் கால்க் முதலிலிருந்து தானே போடும். இப்போது பிடிஎஃப்போடு ஒத்துப் பாருங்கள். பிறகு ஏதாவது ஒரு சம்பளத்தை மாற்றித் தட்டி, அது தொடுகிற எல்லாக் கட்டமும் நகர்கிறதா என்று பாருங்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், கால்க், ஃபார்முலா என்று போனால், கோப்பைத் திறக்கும்போது மறுகணக்குப் போடுவது பற்றிய அமைப்பு இருக்கிறது. எக்செல் 2007-க்கு எதிரே இருப்பதை ‘எப்போதும்’ என்று மாற்றுங்கள். பெரிய கோப்பு திறக்கக் கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லை.

பிழை வந்தால் அந்தக் கட்டத்தில் எண்ணைத் தட்டாதீர்கள். எவ்வளவு அவசரமானாலும் தட்டாதீர்கள். தொகை தெரிந்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்துக் காலியிடத்தில் எழுதி மஞ்சள் நிறம் கொடுங்கள். சூத்திரம் அதன் இடத்திலேயே இருக்கட்டும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் பதிப்பை உயர்த்துங்கள், இல்லையென்றால் எக்ஸ்லுக்கப் இருக்கும் இடத்தில் விலுக்கப் என்ற பழைய தேடல் சூத்திரத்தை எழுதுங்கள். படிப்படியான இபிஎஃப் அட்டவணைக்கு அதுவே போதும்.

போன மாதம் கடைக்கு வந்த குத்தகையாளரின் மகளிடம் புதுப் பதிப்பு இருந்தது. எக்ஸ்லுக்கப் நன்றாகவே வேலை செய்தது. அவர் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். அவருடைய கோப்பு, கூலி விகிதத்தை இன்னொரு கோப்பிலிருந்து எடுக்கிறது. திறந்தவுடன் மேலே ஒரு பட்டை வந்து, வெளிக்கோப்பு இணைப்புகளைப் புதுப்பிப்பது நிறுத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லும். அதில் அனுமதி கொடுக்கும் பொத்தானும் உண்டு. விளம்பரம் என்று நினைத்து அவர் பட்டையை மூடிவிட்டார். புது விகிதம் ஏறவே இல்லை, பழைய விகிதத்தில் 14 பேருக்குச் சம்பளம் போயிருக்கிறது. எண்கள் கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தன.

மேக்ரோ (எக்செல்லுக்குள் எழுதிய சிறு நிரல்) உள்ள கோப்பை மாற்றுவது

மாற்றாதீர்கள். பெரும்பாலும் அதைப் புதிதாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.

மேகக் குறியைப் பார்க்காமல் சந்தாவை விடுவது

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் தன் கோப்புகள் எல்லாம் கணினியில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தார். டெஸ்க்டாப்பில் கண்ணுக்குத் தெரிகின்றனவே. நானே பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நீல நிறத்தில் குட்டி மேகம். அப்படியென்றால் பெயர் மட்டும்தான் இங்கே, கோப்பு ஒன்டிரைவில் இருக்கிறது. பச்சை டிக் இருப்பதுதான் கணினிக்குள் இருக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் ஒன்டிரைவ் தன்னோடு சேர்த்துக்கொண்டிருக்கும், பல பேருக்கு அது தெரிவதே இல்லை.

சந்தாவோடு கிடைப்பது 1,000 ஜிபி. சந்தா போனால் 5 ஜிபி. அதற்குமேல் வைத்திருந்தால் புதிதாக எதையும் ஏற்ற முடியாது. ஆறு மாதத்துக்குமேல் அப்படியே விட்டால் கோப்புகளை அழிக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்களே அவரிடம் 40 ஜிபி இருந்தன.

கோப்புறையின்மேல் வலது பொத்தானை அழுத்தி, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் பச்சையாகும்வரை காத்திருங்கள். நம் ஊர் இணைய வேகத்துக்கு ஓர் இரவு முழுக்க ஆகலாம். அப்புறம் வெளி வட்டில் ஒரு நகல். கடைசியாக வைஃபையை அணைத்துவிட்டு, அந்த வட்டிலிருந்து பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பத்தும் திறந்த பிறகு சந்தாவை விடுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு கோப்பு

எக்செல் கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போது, அதே வடிவில் வைக்கவா, ஓடிஎஃப் (ஓடிஎஸ் இதில் ஒரு வகை) வடிவுக்கு மாற்றவா என்று லிப்ரே ஆபீஸ் கேட்கும். ஒரு நாள் இதை அழுத்துவார்கள், மறுநாள் அதை. ஒரு மாதத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு கோப்புகள் இருக்கும், இரண்டிலும் பாதிப் பாதி. நீங்கள் மட்டும் பயன்படுத்துவது ஓடிஎஸ். பிறரோடு போய் வருவது எக்செல் வடிவம். முதல் நாளே முடிவு செய்து, அப்படியே இருங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனி அமைப்பு இருப்பதை மறப்பது

கோவில் செயலாளரின் திருவிழா அறிக்கையில் ஆங்கில வரிகள் ஒழுங்காக இருந்தன, தமிழ் வரிகள் வேறு எழுத்துருவில், வேறு அளவில் கிடந்தன. லிப்ரே ஆபீஸ் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு இன்னோர் எழுத்துரு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளும். டூல்ஸ், ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய், ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதை இயக்கி, அங்கே தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு, வேர்டுக்கு இணையான ரைட்டரின் பகுதியில் அதற்கான எழுத்துருவையும் அளவையும் ஒருமுறை வைத்துவிட்டால் போதும். விண்டோஸோடு வரும் நிர்மலாவே நன்றாக இருக்கிறது.

யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்த பழைய அறிக்கைகள் வேறு ரகம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். உள்ளே எழுத்து பத்திரமாக இருக்கிறது, எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக எடுத்துக்கொள்ளலாம். கோவிலின் 1998 குடமுழுக்குச் செலவுக் கணக்கை அப்படித்தான் மீட்டோம்.

ஆடிட்டருக்கு ஓடிஎஸ் அனுப்புவது

பார்க்க மட்டும் என்றால் பிடிஎஃப். அவர் திருத்துவார் என்றால் எக்செல் வடிவம்.

பழைய ஆபீஸை அன்றே நீக்குவது

இரண்டு சம்பள மாதமாவது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். குத்தகையாளரின் மகளிடம் ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தாவைப் புதுப்பிக்கச் சொன்னேன், செய்துவிட்டார். இந்த மாதச் சம்பளத்தை எக்செல்லில் ஒரு முறை, கால்க்கில் ஒரு முறை போடுகிறார். 12-ஆம் தேதி இரண்டு பிடிஎஃப்பையும் அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றை வாசிக்க, நான் மற்றதில் விரல் வைத்துப் பார்க்கப் போகிறேன், 14 பேருக்கும்.