காட்டோரத்து வீட்டைத் தீப்பருவத்துக்கு ஆயத்தப்படுத்துவதும், தீயணைக்க வரும் தன்னார்வலர்களுக்குத் துணைநிற்பதும்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் சில ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டு, கொஞ்சம் காணியும் மரநிழலும் வேண்டுமென்று புளூ மவுண்டன்ஸ் அடிவாரத்து ஊர்களான கிளென்புரூக், பிளாக்ஸ்லண்ட், ஸ்பிரிங்வுட், வின்மலி ஆகியவற்றுக்குக் குடிவரும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, காட்டுத்தீ வந்தால் காப்பாற்ற யார் வருவார்கள் என்பதுதான். மஞ்சள் சீருடையோடு வருபவர் பெரும்பாலும் உங்கள் வீதியிலேயே குடியிருப்பவராக இருப்பார். நியூ சவுத் வேல்ஸ் கிராமியத் தீயணைப்புச் சேவையில் ஏறத்தாழ 70,000 தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர், தாதி, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கடைக்காரர் என்று பல தொழில் பார்க்கும் அவர்கள் ஊதியம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறார்கள். என் அயலவர் குழாய் பொருத்தும் தொழில் செய்பவர். ஒருநாள் எங்கள் குளியலறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது அழைப்பு வர, முறுக்கியைக் கழுவுதொட்டியிலேயே வைத்துவிட்டுப் போனவர், மறுநாள் மாலை கண்கள் சிவந்து வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்.

அப்படிப்பட்டவருக்கு நாம் செய்யக்கூடிய முதல் நன்றி, நம் வீட்டுக்காக அவர் உயிரைப் பணயம் வைக்கவேண்டிய நிலையை ஏற்படுத்தாமல் இருப்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2019-20 கோடையில் அவுஸ்திரேலியாவில் தீயில் நேரடியாக உயிரிழந்த 33 பேரில் 9 பேர் தீயணைப்பாளர்கள். 2019 டிசெம்பர் 19 அன்று, சிட்னிக்குத் தென்மேற்கே பக்ஸ்டன் அருகில் தீயணைப்பு வண்டியொன்று மரம் விழுந்து கவிழ்ந்தபோது, கைக்குழந்தைகளின் தந்தையரான இரண்டு இளம் தன்னார்வலர்கள் இறந்துபோனார்கள். கீழே சொல்லப்போகும் ஆயத்தங்கள் எல்லாவற்றையும் அந்த இருவரை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

வேலையைச் செப்டெம்பரிலேயே தொடங்குங்கள். சட்டப்படி தீ அபாயக் காலம் ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை என்றாலும், வறண்ட ஆண்டுகளில் சில பகுதிகளில் அது முன்கூட்டியே அறிவிக்கப்படுவதுண்டு. பல வீடுகளைக் கொளுத்துவது நெருங்கிவரும் நெருப்புச் சுவரன்று, காற்று முன்னால் தூக்கிவந்து போடும் தணல் என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். யூகலிப்டஸ் மரத்தின் பட்டை நாடாவாக உரிந்து, தணலாகவே பல கிலோமீற்றர் பறந்து செல்லக்கூடியது. 2019 டிசெம்பரில் எங்கள் முற்றத்தில் காலையில் விழுந்து கிடந்த இலைகள் நரம்பு, காம்பு எல்லாம் அப்படியே இருக்க முழுக் கறுப்பாக இருந்தன. மகள் ஒன்றைத் தொட்டதும் விரலில் மை போலப் பொடிந்தது. அது ஆறிவந்த இலை. ஆறாமல் வந்திருந்தால் எங்கே விழுந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடப்பதுதான் ஆயத்தத்தின் தொடக்கம்.

தணல் முதலில் தேடும் இடம் கூரைப் பீலி. நான் குடிவந்த முதல் ஆண்டு, மேலிருந்த இலைகள் மழையில் நனைந்து இருந்ததால் பீலியில் ஆபத்தில்லை என்று நினைத்திருந்தேன். அயலவர் ஏணியில் ஏறி அந்த ஈரப் படையை ஒதுக்கியபோது, அடியில் காய்ந்த புகையிலைத் தூள் போல ஒரு படை கிடந்தது. ஒரு பிடியை உலோக வாளியில் போட்டு, இறைச்சி வாட்டும் அடுப்பிலிருந்து அணையும் நிலையிலிருந்த கரித்துண்டு ஒன்றை அதன்மேல் வைத்தார். சுவாலை ஏதும் எழவில்லை. ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊர்ந்தது. பிறகு காற்று ஒருமுறை வீச, வாளி முழுவதும் பற்றிக்கொண்டது. அன்றுமுதல் கோடை முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பீலியைச் சுத்தம் செய்கிறேன். பீலிக்கு வலை போட்டிருந்தாலும் நுண்ணிய தூள் உள்ளே இறங்கும் என்பதால், வலை போட்டவர்களும் இதைக் கைவிடக் கூடாது.

அடுத்தது இடுக்குகள். உடைந்த ஓடு, கூரைக்கும் சுவருக்கும் இடையிலான வெடிப்பு, தரைக்கு அடியிலுள்ள காற்றுத்துளை என்று தணல் நுழையக்கூடிய எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். காற்று வேண்டிய இடத்தில் 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுடைய உலோக வலையைப் பொருத்தலாம். கதவோரத்துத் தும்புக் கால்மிதியடி, தாழ்வாரத்துப் பிரம்பு நாற்காலி, சுவரோடு அடுக்கிய விறகு, யன்னலுக்குக் கீழே கொட்டிய மரச்சீவல் ஆகியவை எல்லாம் தணலுக்கு விரித்துவைத்த பாய்தான். எரிவாயு உருளையின் அழுத்தம் வெளியேறும் வால்வு வீட்டை நோக்கியிராமல் வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும். மரம் வெட்டுவதற்கு மட்டும் அவசரப்பட வேண்டாம்: ‘10/50’ விதியின்கீழ் வரும் காணிகளில் வீட்டிலிருந்து 10 மீற்றருக்குள் உள்ள மரங்களையும், 50 மீற்றருக்குள் உள்ள புதர்களையும் தனி அனுமதியின்றி அகற்றலாம் என்றாலும், உங்கள் முகவரி அந்த விதிக்குள் வருகிறதா என்பதைத் தீயணைப்புச் சேவையின் இணையதளத்தில் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும். உங்கள் காணி சரிவில் இருந்தால் கீழ்ப்பக்கத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஒவ்வொரு 10 பாகைச் சரிவுக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

இனி, தீயணைப்பாளரின் கண்ணால் உங்கள் வளவைப் பாருங்கள். பெரிய வண்டி 3,000 லீட்டருக்கு மேல் தண்ணீர் சுமந்து வருகிறது. அதற்கு 4 மீற்றர் அகலமும், கிளைகள் தட்டாத 4 மீற்றர் உயரமும், உள்ளே வந்தபின் திரும்பி வெளியேற இடமும் வேண்டும். திரும்ப முடியாத ஒழுங்கைக்குள் எந்தத் தலைவரும் தம் குழுவைக் கூட்டிச்செல்லத் தயங்குவார். அவர் தயங்குவதே சரி. வீட்டு இலக்கம் புகையிலும் தெரியும்படி பெரிதாக இருக்கட்டும். நீச்சல் தடாகமோ பெரிய தண்ணீர்த் தாங்கியோ இருந்தால், ‘எஸ்.டபிள்யூ.எஸ்.’ என்று எழுதிய தகட்டை உள்ளூர்த் தீயணைப்புக் குழுவிடம் கேட்டு வாங்கி வாசலில் பொருத்துங்கள். தண்ணீர் இங்கே இருக்கிறது என்று அது அவர்களுக்குச் சொல்லும். மின்சாரம் நின்றால் மின்பம்பியும் நிற்கும், தானியங்கி வாயிற்கதவும் திறக்காது என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறிவிப்புகளைப் புரிந்துகொள்வது அடுத்த படி. 2022 செப்டெம்பர் முதல் நாடு முழுவதும் தீ அபாயம் மிதமானது, உயர்ந்தது, தீவிரம், பேரழிவு என்று நான்கு நிலைகளாகச் சொல்லப்படுகிறது. இது தீ மூண்டால் எப்படியிருக்கும் என்று அன்றன்றைய வானிலையைக் கொண்டு சொல்வது. தீ மூண்டபின் வருவது வேறு வரிசை: மஞ்சள் நிறத்தில் அறிவுறுத்தல், செம்மஞ்சளில் கவனித்துச் செயற்படும்படி எச்சரிக்கை, சிவப்பில் அவசர எச்சரிக்கை. இவை இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். ‘ஹசார்ட்ஸ் நியர் மீ’ என்ற செயலியைக் குடும்பத்தில் எல்லாருடைய கைத்தொலைபேசியிலும் ஏற்றி, உங்கள் ஊரைக் கண்காணிப்பு வட்டத்தில் சேர்த்து வையுங்கள். தொலைபேசிக் கோபுரங்களே எரிந்துபோன சம்பவங்கள் உண்டு என்பதால், பற்றரியில் இயங்கும் வானொலியொன்றும், அவுஸ்திரேலியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் உள்ளூர் அலைவரிசை எண்ணும் வீட்டில் இருக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்களுக்கு 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அந்தச் சேவையின் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே 1800 679 737 என்ற தீத் தகவல் எண்ணோடு தமிழில் பேசலாம். உயிராபத்து என்றால் 000 தான்.

பேரழிவு நிலை அறிவிக்கப்பட்டால் முதல்நாள் இரவே, அல்லது அன்று விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். அந்த நிலையில் எந்த வீட்டையும் நம்பி இருக்க முடியாது. புகை தெரியட்டும், யாராவது வந்து கதவைத் தட்டட்டும் என்று காத்திருப்பது, கடைசி நேரத்தில் உங்களைத் தேடி ஒரு குழுவைத் தீக்குள் வரவழைப்பதாக முடியலாம். எங்கள் வீட்டில் இதற்கு மிகவும் தடையாக இருந்தவர் மாமி. யாழ்ப்பாணத்தில் பலமுறை வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியவருக்கு, இன்னொரு முறை வீட்டை விட்டுப் போவது என்ற சொல்லே தாங்கமுடியாததாக இருந்தது. வாதிட்டுப் பயனில்லை என்று கண்டு, அவரிடமே ஒரு பொறுப்பைக் கொடுத்தோம்: அறிவிப்பு வந்ததும் சுவாமிப் படங்களைத் தலையணை உறைக்குள் வைத்துக் காரில் ஏற்றுவது அவர் வேலை. 2019 டிசெம்பரில், நாங்கள் மருந்து, கண்ணாடி, கடவுச்சீட்டு, காணி உறுதி எல்லாவற்றையும் சரிபார்த்து முடிக்குமுன், தலையணை உறையை மடியில் வைத்தபடி அவர் காரில் உட்கார்ந்திருந்தார். டூங்காபியிலுள்ள என் தம்பி வீட்டில் ஐந்து நாள் தங்கினோம். எந்த நிலையில் கிளம்புவது, எந்த வழியாக, அது அடைபட்டால் வேறு எந்த வழியாக, எங்கே தங்குவது என்பதை எழுதி, பிள்ளைகளோடு ஒருமுறை ஒத்திகையும் பாருங்கள்.

முதியவர் அல்லது மாற்றுத்திறனாளி தனியே வாழும் வீட்டுக்குத் தீயணைப்புச் சேவை ‘எய்டர்’ என்ற திட்டத்தின்கீழ் பீலி சுத்தம் செய்வது, கிளை வெட்டுவது போன்றவற்றை இலவசமாகச் செய்து தருகிறது. வெளியேற முடியாமல் அகப்பட்டுக்கொண்டால், முழுக்கைப் பருத்தி உடையும் தோல் சப்பாத்தும் அணிந்து, கம்பளிப் போர்வையோடு, வெளியே செல்லும் கதவு அருகிலிருக்கும் அறையில் ஒதுங்கி, தீமுனை கடந்ததும் வெளியே வர வேண்டும்.

தீ ஓய்ந்தபின் நன்றி சொல்லும் ஆர்வம் நம்மவர்களுக்கு நிறையவே உண்டு; அதற்கும் ஒரு முறை வேண்டும். கேளாமல் கொண்டுவந்து குவிக்கும் பழைய உடுப்புகளையும் உணவுப் பொட்டலங்களையும் தரம் பிரிப்பதே களைத்தவர்களுக்கு இன்னொரு வேலையாகிவிடும். 2020 ஜனவரியில் விக்டோரியாவின் பெயர்ன்ஸ்டேலில் சீக்கியத் தன்னார்வலர்கள் இடம்பெயர்ந்தவர்களுக்குச் சோறும் கறியும் சமைத்துக் கொடுத்தது நல்ல முன்மாதிரி. அவர்கள் தங்கள் உணவு வண்டியோடு போய்ச் சமையலையும் பரிமாறலையும் தாங்களே பொறுப்பேற்றார்கள். பணம் கொடுப்பதானால் அது எங்கே போகிறது என்று வாசித்துவிட்டுக் கொடுங்கள். அதே கோடையில் நகைச்சுவைக் கலைஞர் செலெஸ்ட் பார்பர் திரட்டிய 51 மில்லியன் டொலருக்கும் அதிகமான தொகை கிராமியத் தீயணைப்புச் சேவையின் அறக்கட்டளைக்கே உரியது என்றும், கொடுத்தவர்கள் பலர் விரும்பியபடி பிற தொண்டு நிறுவனங்களுக்குப் பகிர முடியாது என்றும் நியூ சவுத் வேல்ஸ் உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் தீர்ப்பளித்தது. உங்கள் ஊர்க் குழுவுக்கே உதவ விரும்பினால், நேரே அவர்களிடம் சென்று என்ன தேவை என்று கேட்பது நல்லது.

தொழில் நடத்துபவர்கள் தங்களிடம் வேலை பார்க்கும் தன்னார்வலருக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுப்பது, எத்தனையோ வாழ்த்து அட்டைகளைவிடப் பெரிய உதவி. தீக்களத்துக்குப் போனவரின் வீட்டில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவதும், புல் வெட்டிக் கொடுப்பதும் அப்படித்தான். திரும்பி வந்தவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று துருவிக் கேட்காமல், அவர் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள்.

ஆண்டுதோறும் செப்டெம்பரில் தீயணைப்பு நிலையங்கள் பொதுமக்களுக்காகத் திறந்திருக்கும் வார இறுதியில் பிள்ளைகளோடு போய்வாருங்கள். குழுவில் சேர எல்லாரும் நெருப்பின் முன்னால் நிற்க வேண்டியதில்லை. வானொலித் தொடர்பு, உணவு ஏற்பாடு, கணக்கு, மக்களுக்கு விளக்கம் சொல்வது என்று வேலைகள் பல இருக்கின்றன. தமிழில் விளக்கக்கூடிய ஒருவரை எங்கள் குழு தேடிக்கொண்டிருந்தது எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவந்தது. இப்போது ஒவ்வொரு செப்டெம்பரிலும் அந்தக் கரித்துண்டையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, புதிதாகக் குடிவந்த வீடுகளுக்கு அயலவரும் நானும் சேர்ந்து போகிறோம்.