கல்லடிக் கடற்கரையில் ஹொட் டோக் வண்டி: வந்தவர் திரும்பி வருவதற்கு

ஹொட் டோக் வண்டிக்கு முன்னால் ஒருவர் நிற்பது மூன்று, நாலு நிமிடம்தான். பலகையில் இருப்பது விளங்குகிறதா, தன் முறை எப்போது வரும் என்று தெரிகிறதா, கைக்கு வந்தது சூடாகவும் சிந்தாமலும் இருக்கிறதா என்று அந்த நேரத்துக்குள் பார்த்துவிடுவார். விசித்திரமான பெயர், கலகலப்பான பேச்சு, வேறெங்கும் இல்லாத சம்பல் எல்லாம் மனதில் நிற்பது இந்த மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே. சிக்காகோவில் சில கடைகள் ஹொட் டோக்கில் தக்காளி சோஸ் போட மறுப்பதையே பெருமையாக வைத்திருக்கின்றன. கடுகு சோஸ், ஊறுகாய், வெங்காயம், தக்காளித் துண்டு, மிளகாய் என்று அங்கே ஒரு மரபு இருப்பதால் அது செல்லுபடியாகிறது. மட்டக்களப்புக் கல்லடியில் பிள்ளையோடு வரும் தாயிடம் அதைச் சொன்னால் அவர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். நம் வண்டியின் தனித்தன்மை இந்த ஊரிலிருந்தே வர வேண்டும்.

வண்டி போடுவதற்கு முன் அந்தப் பகுதி மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ இடத்துக்கு அனுமதி எடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உணவு கையாள்வோருக்கான மருத்துவச் சோதனையையும் முடித்துவிடுங்கள். பரிசோதகர் வரும்போது காட்டுவதற்கு இரண்டின் பிரதியும் வண்டியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது காற்று. கல்லடியில் பின்னேரம் காற்று கடலிலிருந்து வரும். கச்சான் காலத்தில் தரைப்பக்கமிருந்து உலர்ந்த காற்று வீசும். வண்டியின் முதுகைக் கடலுக்குக் கொடுத்தால் மணல் தடுபடும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அப்படி நிறுத்தினால் தோசைக்கல்லின் புகை நேரே வரிசையில் நிற்பவரின் முகத்துக்குப் போகும். அதனால் வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள்: காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும், வாங்குபவர் அந்தப் பாதைக்கு வெளியே நிற்க வேண்டும். ஆட்கள் நடந்து போகும் வழி காற்றடிக்கும் திசையில் இருந்தால் வதங்கும் வெங்காயத்தின் வாசமே ஆளைக் கூட்டி வரும். காற்று வரும் பக்கம் மறையும்படி 30 சென்ரிமீற்றர் உயரத் தகரம் ஒன்றை அடுப்பைச் சுற்றி மூன்று புறமும் வளைத்து வையுங்கள். சிலிண்டரை மட்டும் எதனாலும் மூடக் கூடாது. அதை நிமிர்த்தி, அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, குழாய் பொருந்தும் இடங்களில் நாள்தோறும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அன்றைக்கு அடுப்பு மூட்டக் கூடாது. கடற்கரை உப்புக் காற்றில் ரெகுலேற்றர் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

இனி சொசேஜ். உறைந்த பக்கெற்றை முதல்நாள் இரவே பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். வெயிலிலோ மேசையிலோ இளக வைத்தால் வெளிப்புறம் கெட்டுக்கொண்டிருக்க உள்ளே ஐஸாகவே இருக்கும். பெரிய சட்டியில் தண்ணீரை 80 பாகை செல்சியஸ் அளவில் வையுங்கள். ஆவி பறக்க வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் தோல் வெடித்து, உள்ளிருக்கும் கொழுப்பும் உப்பும் தண்ணீரில் இறங்கி, சொசேஜ் சக்கையாகிவிடும். லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டால் சுவை வெளியேறுவது குறையும். குத்தும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். சொசேஜின் நடுப்பகுதி 75 பாகையைத் தொட வேண்டும், அதன் பின் விற்கும்வரை 63 பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தது பஞ்சுபோல் ஆகிவிடும். ஆகவே ஒரேயடியாக நாற்பதைப் போடாமல், கூட்டத்தைப் பார்த்துப் பத்துப் பத்தாகப் போடுங்கள்.

ஓடர் வந்ததும் ஒன்றை எடுத்துத் துடைத்து, சாய்வாக மூன்று மெல்லிய கீறல் போட்டு, சூடான தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் உருட்டுங்கள். துடைக்காமல் போட்டால் எண்ணெய் தெறிக்கும், நிறமும் பிடிக்காது. சொசேஜ் உருளும் நேரத்தில் பணிஸின் உட்புறத்தை அதே கல்லில் கொஞ்சம் மாஜரினோடு வாட்டுங்கள். வாட்டிய முகம் சோஸை உடனே உறிஞ்சாது. வாடிக்கையாளர் கடற்கரைவரை நடந்து போய் உட்கார்ந்து சாப்பிடும்போதும் பணிஸ் உடையாமல் இருப்பது இதனால்தான்.

பணிஸை பேக்கரியில் சொல்லிச் செய்வியுங்கள்: 15 சென்ரிமீற்றர் நீளம், மேலே சீனி தூவாதது, அன்றைக்கே போட்டது. அவசரத்துக்குக் கிம்புலா பணிஸை எடுத்தால் அதன் சீனி கல்லில் கருகி, அடுத்து வரும் பத்துப் பேருக்கும் கசப்பைக் கொடுக்கும். வெட்டும்போது மறுபக்கம் ஒரு சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள், முழுதாகப் பிளந்தால் சொசேஜ் மணலில் விழும். கச்சான் காலத்தில் பணிஸ் காய்ந்துவிடுவதால், வாட்டுவதற்கு முன் 20 விநாடி ஆவியில் காட்டலாம். மார்கழி மழையில் அது வேண்டாம்.

சோஸ் போடும் ஒழுங்கும் முக்கியம். ஈரமானது சொசேஜுக்கு மேலே, உலர்ந்தது எல்லாவற்றுக்கும் மேலே. அடியில் சோஸ் ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் பணிஸின் அடிப்பாகம் கழன்றுவிடும்.

ஊரின் கைப்பக்குவம் தெரிய வேண்டிய இடம் இதுதான். சீனிச் சம்பலுக்குப் பெரிய வெங்காயம் 500 கிராம் மெல்லிசாகச் சீவி, 4 மேசைக்கரண்டி எண்ணெயில் கறுவா, ரம்பை, கறிவேப்பிலையோடு மெல்லிய நெருப்பில் 35 முதல் 40 நிமிடம் வதக்குங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் இடித்த செத்தல் மிளகாய் ஒரு மேசைக்கரண்டி, கெட்டிப் புளி இரண்டு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, அளவான உப்பு. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் தெரியும்வரை இறக்காதீர்கள், தண்ணீர் நின்றால் பணிஸ் ஊறும். மாசிக் கருவாடு போடாமலே செய்தால் எல்லாருக்கும் கொடுக்கலாம். மட்டக்களப்பு எருமைத் தயிரில் 250 கிராமைத் துணியில் கட்டி, பிரிஜ்ஜுக்குள் இரண்டு மணித்தியாலம் தொங்கவிட்டு, வடிந்த கட்டியில் கடுகு சோஸ் ஒரு மேசைக்கரண்டி, துருவிய உள்ளி ஒரு பல்லு, மிளகுதூள், உப்புச் சேர்த்தால் மயோனைஸை விட நல்ல சோஸ் கிடைக்கும். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் இந்த வெக்கையில் ஆபத்து. தயிர் சோஸும் ஐஸ் பெட்டியில்தான் இருக்க வேண்டும், மிஞ்சியதை அன்றைக்கே கொட்டிவிடுங்கள். வறுத்து உடைத்த கஜுவை மேலே தூவுவதானால் முதலில் கேளுங்கள், கஜு ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

வேடிக்கைப் பெயர் வைப்பதில் ஒரே விதி: பெயர் பொருளைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. ‘பாடும் மீன்’ என்று எழுதிவிட்டுக் கோழி கொடுத்தால் வாங்கியவர் ஏமாந்ததாகவே நினைப்பார். அந்தப் பெயர் வேண்டுமென்றால் சூரை மீனை அவித்து உதிர்த்து, உருளைக்கிழங்கோடு நீளமாக உருட்டிப் பொரித்து வையுங்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் என்ன இறைச்சி, எவ்வளவு உறைப்பு, என்ன விலை என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

காத்திருப்பை இலகுவாக்க மீன் சீட்டு நல்ல வழி. கழுவக்கூடிய சின்னப் பலகைத் துண்டுகளில் பாரை, சூரை, கணவாய், இறால், செப்பலி என்று எழுதி ஒரு பெட்டியில் போடுங்கள். காசு கொடுத்தவர் தானே ஒன்றை எடுப்பார், ஆனதும் ‘செப்பலி, வாங்கோ!’ என்று கூப்பிடலாம். சீட்டை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். மெலிந்த பிள்ளைக்கு நெத்தலி என்று கொடுத்தால் அதற்கு மனம் நோகும். காசு வாங்குபவர் ஒருவர், உணவைத் தொடுபவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் பார்ப்பவருக்கு அருவருப்பாகும், வரிசையும் நிற்கும். கை கழுவத் தட்டத்தில் தண்ணீர் வைக்காமல், குழாய் பொருத்திய 20 லீற்றர் கானும் சவர்க்காரமும் வையுங்கள்.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது பக்கமிருந்து வருபவர்கள் ஹலால்தானா என்று கேட்பார்கள். வாயால் சொல்வதோடு நிற்காமல் சான்று முத்திரை உள்ள பக்கெற்றையே காட்டுங்கள். வெள்ளிக்கிழமையும் விரத நாளிலும் சைவம் தேடி வருபவருக்குத் தனிக் கல், தனி இடுக்கி, தனிக் கத்தி. எல்லாவற்றுக்கும் பச்சைப் பிடி போட்டு வைத்தால் அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார். சொசேஜுக்குப் பதில் வைக்க அவித்த உருளைக்கிழங்கு 500 கிராமும் ஊறவைத்துப் பிழிந்த சோயா 100 கிராமும் போதும்; நீளமாக உருட்டி, முட்டைக்குப் பதில் சோளமாக் கரைசலில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரியுங்கள்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கென்று வாங்கினால் சொசேஜை நீளவாக்கில் நாலாகப் பிளந்து, பிறகு சின்னதாக நறுக்கிக் கொடுங்கள். வட்டத் துண்டு சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும். பெற்றோர் கேட்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

‘உள்ளே ஆறியிருக்கு’ என்று ஒருவர் திரும்பி வந்தால் விளக்கம் சொல்லாமல் புதிதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்து, உடனே சட்டியிலுள்ள சொசேஜில் வெப்பமானியைக் குத்துங்கள். அதே சட்டியிலிருந்து வாங்கிய மற்றவர்களும் பக்கத்தில்தான் நிற்பார்கள்.

பூட்டும்போது சட்டித் தண்ணீரை மணலில் ஊற்றாதீர்கள். அந்தக் கொழுப்பு வாசத்துக்கு நாயும் காகமும் கூடி, நாளை ஒருவரும் அங்கே நிற்க மாட்டார்கள். கானில் அடைத்துக் கொண்டுபோய் வடிகாலில் விடுங்கள். கல்லைச் சூடு இருக்கும்போதே சுரண்டி, கேஸை அடுப்புத் திருகோடு விடாமல் சிலிண்டரிலும் மூடிவிட்டு வண்டியை எடுங்கள்.