பழுது பார்க்கிறவன் கண்ணால் அறிவியல் புனைவுப் படம் பார்ப்பது எப்படி?

விண்கலம், ரோபோ, டைம் மெஷின் என்று பேச்செடுத்தாலே "அதெல்லாம் நமக்கு ஏறாது" என்று எழுந்துபோகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. "கிராபிக்ஸ் பிரமாதம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத ரசிகர்களும் உண்டு. இரு தரப்புக்கும் நான் சொல்லிக்கொடுப்பது ஒரே வழி. படத்தில் வரும் எந்திரம் எப்போது பழுதாகிறது, அதை யார் எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று பாருங்கள்.

எனக்குத் தொழில் மோட்டார் வைண்டிங். கோவை கணபதியில் கடை வைத்திருக்கிறேன். கருகிப்போன காயிலைப் பிரித்தெடுத்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுக்கிற வேலை. பழுதே ஆகாத எந்திரம் என்று ஒன்றை யாராவது என்னிடம் விற்க வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். சினிமாவிலும் அப்படித்தான். எந்தக் கதையில் எந்திரம் தகராறு செய்கிறதோ அந்தக் கதையில்தான் மனிதர்கள் மனிதர்களாக நடந்துகொள்கிறார்கள். எல்லாம் பொத்தானை அழுத்தியதும் நடந்துவிட்டால் அது மாயாஜாலப் படம். மாயாஜாலப் படத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. போஸ்டரில் விஞ்ஞானி கோட்டு மாட்டி வைத்துவிட்டு உள்ளே மந்திரவாதி வேலை பார்த்தால்தான் கோபம்.

அறிவியல் படமே பார்த்திராதவர்களை உட்காரவைக்க 1985இல் வந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் தொடங்குங்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கலாம். படம் ஓடும்போது ஒரு தாளில் மூன்று விஷயங்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: இந்த எந்திரத்துக்கு என்ன வேண்டும், அது இப்போது கிடைக்குமா, கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள். டிலோரியன் கார் காலத்தைத் தாண்ட மணிக்கு 88 மைல் வேகம் வேண்டும், நம் கணக்கில் ஏறத்தாழ 142 கிலோமீட்டர். 1.21 கிகாவாட் மின்சாரமும் வேண்டும். 1985இல் அதற்குப் புளூட்டோனியம் இருந்தது, நாயகன் போய்ச் சிக்கிக்கொள்ளும் 1955இல் கடைக்குப் போய்க் கேட்க முடியாது. மிச்சமிருக்கும் ஒரே வழி, கடிகாரக் கோபுரத்தில் விழப்போகிற மின்னல். இத்தனையும் எழுதிக்கொண்டவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கார் கிளம்ப மறுக்கும்போது அடிவயிறு கலங்கும். மேலே கோபுரத்தில் மரக்கிளை விழுந்து கேபிள் பிடுங்கிக்கொள்ளும், கீழே வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஒரு லூஸ் கனெக்‌ஷனை வைத்து இவ்வளவு பதற்றத்தை உண்டாக்கிய படத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குழந்தைகள் மட்டும் இருந்தால் 2008இல் வந்த 'வால்-ஈ' போதும். கைவிடப்பட்ட பூமியில் குப்பை அள்ளும் சின்ன ரோபோ, ஓய்ந்துபோன தன் இனத்தவரின் பாகங்களைக் கழற்றித் தனக்கு மாட்டிக்கொண்டு ஓடுகிறது. வீட்டில் உதிரி பாகங்களை அடுக்கி வைத்திருக்கிறது. பழைய மோட்டாரிலிருந்து பேரிங் கழற்றி வைத்துக்கொள்ளும் என்னைப் போன்றவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முதல் பாதியில் பேச்சு மிகக் குறைவு என்பதால் மொழிச் சிக்கலும் இல்லை.

அடுத்து 2014இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்'. இதைப் பார்க்கும்போது பலர் கருந்துளையைக் கண்டு வாய்பிளந்து நிற்கிறார்கள். நியாயம்தான். கிப் தோர்ன் என்ற இயற்பியலாளர் கொடுத்த சமன்பாடுகளை வைத்துத்தான் அந்தக் கருந்துளையை வரைந்தார்கள். ஆனால் நான் காட்டுவது வேறு இரண்டு இடங்கள். முதலாவது, படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வரும். நாயகன் கூப்பரின் வண்டி டயர் பஞ்சராகி நிற்கிறது. அப்போது வானத்தில் ஓர் இந்திய டிரோன் பறந்து போகிறது. டயரையும் பொருட்படுத்தாமல் சோளக்காட்டுக்குள் வண்டியை விட்டுத் துரத்துகிறார்கள். டில்லியில் அதைக் கட்டுப்படுத்திய நிலையம் மூடிப் பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. யாரும் கேட்பாரில்லாமல் சூரிய ஒளியில் அது பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்கிறது. அதை இறக்கி, அதன் சோலார் செல்களைப் பண்ணை வேலைக்கு எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார் கூப்பர். உலகம் என்ன நிலைக்கு வந்துவிட்டது என்று யாரும் சொற்பொழிவாற்றவில்லை. பழைய இரும்புக்கு வந்த மதிப்பைக் காட்டியே சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது இடம் தண்ணீர்க் கிரகம். அங்கே ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு ஆண்டுகள் ஓடிவிடும். அது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஏன் இவ்வளவு தாமதமானது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. மலை போன்ற அலை அடித்து எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அது வடியும்வரை கிளப்ப முடியாது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து "இப்போதே ஓட்டிக் கொடுங்கள்" என்று நிற்பவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான்: முதலில் காயட்டும், பிறகு மின்கசிவு பார்க்கும் மெகர் கருவியை வைத்துப் பார்க்கலாம், அவசரப்பட்டால் காயில் போய்விடும். எனக்குக் காத்திருப்பு ஒரு பகல். கூப்பருக்கு 23 ஆண்டுகள். திரும்பி வந்து மகனும் மகளும் அனுப்பிய வீடியோக்களை அவர் பார்க்கும் காட்சியில் அழாதவர் எங்கள் வீட்டில் இல்லை. அந்த அழுகைக்குக் காரணம் ஈரமான எஞ்சின் என்பதைச் சொல்லிக்கொடுத்தால், சார்பியல் கோட்பாடு தெரியாதவர்களுக்கும் படம் பிடிபட்டுவிடும்.

நம் ஊர்ப் படங்களையும் இதே முறையில் பாருங்கள். 2010இல் வந்த 'எந்திரன்' இதற்கு நல்ல பயிற்சி. தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி என்ற ரோபோ காப்பாற்றி, ஆடையில்லாமல் அப்படியே ஊர் முன்னால், கேமராக்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. உயிரைக் காப்பாற்று என்பது உத்தரவு. மானம் என்று ஒன்று இருப்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. அவமானம் தாங்காமல் ஓடிய பெண் லாரியில் அடிபட்டு இறக்கிறாள். சிட்டியின் உடம்பில் ஒரு கம்பிகூட அறுந்திருக்காது, ஆனால் பழுது எங்கே என்று கல்லுக்கும் புரியும். தமிழில் எடுத்த அறிவியல் புனைவுக் காட்சிகளில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். வசனத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்குண்டு. இந்தக் காட்சியின் கேள்வியே அவர் வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான்.

அதே படத்தின் கடைசிப் பகுதியில் சிட்டிகள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து பந்தாகின்றன, பாம்பாகின்றன, மலைபோல் எழுகின்றன. என் கடைப் பையன்கள் அந்தக் காட்சியை எத்தனை முறை போட்டாலும் பார்ப்பார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்ப்பேன், திருவிழா வாணவேடிக்கையை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் இவ்வளவு முட்டல் மோதலில் எவனுக்கு எப்போது சார்ஜ் இறங்குகிறது, எவன் எதற்குத் திணறுகிறான் என்ற கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. முதல் பாதியில் இருந்த கேள்வி அங்கே காணாமல் போய்விட்டது. சண்டை ஓய்ந்ததும் அது திரும்பி வருகிறது: 2030இல் ஓர் அருங்காட்சியகம், 'உன்னை ஏன் கழற்றினார்கள்' என்று கேட்கும் சிறுமி, சிந்திக்க ஆரம்பித்ததுதான் காரணம் என்று சிட்டி சொல்லும் பதில். வாணவேடிக்கையோடு எழுந்துபோகிறவர்களைக் கையைப் பிடித்து உட்காரவையுங்கள்.

செலவு குறைந்த படங்கள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் நன்றாகத் தேறுகின்றன. 2015இல் வந்த 'இன்று நேற்று நாளை' படத்தில் 2065ஆம் ஆண்டின் டைம் மெஷின் இரண்டு வெட்டி இளைஞர்கள் கையில் சிக்குகிறது. உலகத்தைக் காப்பாற்றுகிறார்களா? தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்து, ஜோசியம் என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள். நம் ஊரில் அந்த எந்திரம் கிடைத்தால் நிச்சயம் இதுதான் நடக்கும். எந்திரத்தை யார் எதற்குப் பயன்படுத்துவார் என்று சரியாக யோசித்த படம் என்பதால் அதன் சின்னச் சின்ன ஓட்டைகளை மன்னித்துவிட்டேன்.

எந்திரமே இல்லாத படங்கள் வந்தால் என்ன செய்வது? எந்திரத்துக்குப் பதில், கதை தனக்கு வகுத்துக்கொண்ட விதியைத் தேடுங்கள். 2021இல் வந்த 'மாநாடு' படத்தில் நாயகன் செத்தால் அதே நாள் மறுபடி தொடங்கும். அந்த விதி நமக்குப் பழகி, இனி அவனுக்குத்தான் வெற்றி என்று நாம் சாய்ந்து உட்காரும் நேரத்தில், வில்லனுக்கும் எல்லாம் நினைவிருக்கிறது என்று தெரிகிறது. விதியை மீறாமலேயே கதையைத் திருப்புவது பெரிய கெட்டிக்காரத்தனம். இப்படிப்பட்ட படங்களில் இடைவேளைக்குள் விதி என்னவென்று உங்களால் ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால், இயக்குநருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வரிசை பழகியவர்களுக்கு 1979இல் வந்த 'ஏலியன்' போடுங்கள். குழந்தைகளை உறங்கவைத்த பிறகு, சாப்பாட்டை முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து. காரணம் கேட்காதீர்கள், பார்க்கும்போது தெரியும். வேற்றுக்கிரக பூதத்துக்காகக் காத்திருக்காமல், விண்கப்பலின் கீழ்த்தளத்தில் வேலை பார்க்கும் பார்க்கர், பிரெட் என்ற இரண்டு மெக்கானிக்குகளைக் கவனியுங்கள். மற்றவர்களைவிடத் தங்களுக்குப் பங்கு குறைவு என்று எடுத்த எடுப்பிலேயே புலம்பத் தொடங்கிவிடுவார்கள். கப்பல் இறங்கும்போது அடிபட்டுவிடும், சரிசெய்யும் வேலை இவர்கள் தலையில் விழும். மேலதிகாரி ரிப்ளி வந்து எவ்வளவு நேரமாகும் என்று கேட்கும்போது பக்கத்திலே நீராவி பீறிடும் இரைச்சலில் ஒன்றும் காதில் விழாதது போல நிற்பார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் பார்க்கர் சாவகாசமாகக் கையை நீட்டி நீராவியை நிறுத்துவார். உலகத்தில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் நடக்கிற காரியம். இப்படி அவர்களை அடுத்த வீட்டுக்காரர்கள் ஆக்கிய பிறகுதான் பூதத்தை அவிழ்த்துவிடுகிறார்கள்.

அடுத்து, புரியாது என்று எல்லோரும் நம்மைப் பயமுறுத்தும் படம்: 1968இல் ஸ்டான்லி கியூப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'. இதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். செல்போனில் பார்க்கவே கூடாது. தொடக்கத்தில் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும், இசை மட்டும் ஒலிக்கும். எங்கள் வீட்டில் போட்டபோது மாமியார், "மாப்பிள்ளை, டிவி போய்விட்டதா பாருங்கள்" என்றார். பழுது பார்க்கிறவன் வீட்டிலேயே இப்படியென்றால் உங்கள் வீட்டில் ரிமோட்டைப் பிடுங்க நாலு கை வரும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதன்பிறகு குரங்கு மனிதர்கள் வருவார்கள். முதல் வசனம் வர ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஆகும். பொறுமையில்லாதவர்களுக்கு இந்தப் பகுதியில் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: முதல் கருவி எப்போது உருவாகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நம் தொழில் தொடங்குவது நடுப்பகுதியில். ஹால் என்ற கணினி, ஆன்டெனாவில் இருக்கும் ஏஇ-35 என்ற பாகம் 72 மணி நேரத்துக்குள் பழுதாகும் என்று எச்சரிக்கிறது. கப்பலில் விழித்திருக்கும் இரண்டு விண்வெளி வீரர்களில் ஒருவரான போமன் வெளியே போய் அதைக் கழற்றிக்கொண்டு வருகிறார். மேசையில் வைத்துச் சோதிக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை. மறுபடி மாட்டுங்கள், பழுதாகட்டும், அப்போது காரணம் தெரிந்துவிடும் என்கிறது ஹால்.

இந்த இடத்தில் நான் எப்போதும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். என் கடையில் நடக்காத வாரமே இல்லை. "அண்ணா, வீட்டில் ஓடவே மாட்டேன் என்றது, இங்கே எப்படி ஓடுகிறது?" என்று கிரைண்டரோடு நிற்பார்கள். நானும் ஹால் சொன்னதையேதான் சொல்வேன்: கொண்டுபோய் ஓட்டுங்கள், நின்றால் கொண்டுவாருங்கள். சரியான யோசனைதான். ஆனால் அங்கே இரண்டு மனிதர்களுக்கும் அப்போது வேறொரு சந்தேகம் தட்டுகிறது. பாகம் நன்றாக இருக்கிறது என்றால், அதைப் பழுது என்று சொன்னது எது? சோதனை செய்யும் கருவியே கெட்டுவிட்டால் எதை வைத்து எதைச் சோதிப்பது? குரலை உயர்த்தாமல், துப்பாக்கி தூக்காமல் கியூப்ரிக் அந்தப் பயத்தை உள்ளே இறக்குகிறார். விண்வெளியில் நடக்கும்போது மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அப்போது டிவியின் ஒலியைக் கூட்டாதீர்கள், மின்விசிறியைக் குறையுங்கள். கடைசி அரைமணி நேரம் புரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். புரிந்தது என்று சொல்கிறவரிடம் விளக்கம் மட்டும் கேட்டுவிடாதீர்கள், விடிந்துவிடும்.

இதையெல்லாம் தாண்டி வந்தவர்களுக்கு மட்டும் 2004இல் வந்த 'பிரைமர்'. ஷேன் கேரத் என்பவர் 7,000 டாலரில் எடுத்த 77 நிமிடப் படம். எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அவரே. இரண்டு நண்பர்கள் ஒரு வீட்டுக் கராஜில் காரின் புகைக்குழாயையும் குளிர்பெட்டியையும் பிரித்து வேண்டிய பொருளை எடுத்து ஓர் எந்திரம் கட்டுகிறார்கள். என்ன செய்கிறோம் என்று நமக்கு விளக்கவே மாட்டார்கள், வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது போலவே பேசுவார்கள். ஆறு மணி நேரம் பின்னால் போக வேண்டுமானால் பெட்டிக்குள் ஆறு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். இலவசம் எதுவும் இல்லை. இந்த ஒரு விதிக்காகவே எனக்கு இது நெருக்கமான படம். தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் யார் எப்போது போனார், எப்போது வந்தார் என்று கோடு போட்டுக்கொண்டே பாருங்கள். ஓரிடத்தில் அந்த நண்பர்களில் ஒருவரான ஏரன் காதில் எதையோ மாட்டியிருப்பார், விளையாட்டு வர்ணனை கேட்பதாகச் சொல்வார். அந்த இடத்தை வட்டமிட்டு வையுங்கள். இரண்டாம் முறை அங்கிருந்து தொடங்கலாம்.