பழைய பிசில இருந்து புதுசுக்கு எதை எடுக்கலாம், எதை எடுக்கவே கூடாது

புது டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணலாம்னு முடிவு பண்ண உடனே எல்லார் கண்ணும் பழைய கேபினெட் மேலதான் போகும், இதுல இருந்து எவ்ளோ தேத்தலாம்னு. தப்பே இல்ல. ஆனா பெரும்பாலானவங்க கேக்கறது "இது புது போர்டுல மாட்டுமா"ங்கற ஒரு கேள்விதான். நான் மொதல்ல கேக்கறது வேற. இந்த பார்ட் நாளைக்கு போச்சுன்னா தனியா போகுமா, இல்ல கூட இருக்கறதையும் இழுத்துக்கிட்டு போகுமா? கேஸ் ஃபேன் போனா ஃபேன் மட்டும்தான் போகும். ஹார்ட் டிஸ்க் போனா டேட்டா போகும், பேக்கப் இருந்தா அதுவும் பெரிய விஷயமில்ல. பவர் சப்ளை கோக்குமாக்கா போச்சுன்னா நேத்து வாங்கின போர்டு, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டுல எது மிஞ்சும்னு சொல்லவே முடியாது.

ஸ்க்ரூடிரைவர எடுக்கறதுக்கு முன்னாடி பழைய மெஷின் ஓடிட்டிருக்கும்போதே செஞ்சு முடிக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கு. டிரைவோட ஆரோக்கியத்த காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு டிரைவ் எல்லாத்தையும் பாருங்க, அதுல 05, சி5, சி6னு இருக்கற வரிகள்ல ரா வேல்யூ பூஜ்யமா இல்லாம ஏறிக்கிட்டே போச்சுன்னா அந்த ஹார்ட் டிஸ்க்க நம்பி எதையும் வைக்காதீங்க. ரேம புதுசுக்கு எடுக்கறதா இருந்தா ரேம சோதிக்கற மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேர பென்டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க, ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ஸ்டிக் வேண்டாம். நிறைய பேரு எல்லாத்தையும் கழட்டி புதுசுல மாட்டிட்டு அப்புறம் டிஸ்ப்ளே வரலன்னு உக்காந்திருப்பாங்க, அப்ப குத்தம் புது போர்டா பழைய ரேமான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள உயிர் போயிடும். பேக்கப் எடுக்கறதையும் இப்பவே முடிச்சிடுங்க.

அப்புறம் பிட்லாக்கர், அதாவது டிரைவ்ல இருக்கற டேட்டாவ பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11ல சில மெஷின்ல டிவைஸ் என்கிரிப்ஷன் நீங்க கேக்காமலே ஆன் ஆகியிருக்கும். போர்ட மாத்தின உடனே அது ரெக்கவரி கீ கேக்கும், 48 இலக்க நம்பர், அது இல்லன்னா டிரைவ் உங்க கையில இருந்தும் டேட்டா உங்களுக்கு இல்ல. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல கீ இருக்கான்னு பாத்து எழுதி வச்சுக்கோங்க, இல்லன்னா என்கிரிப்ஷனையே ஆஃப் பண்ணிட்டு அது முழுசா முடியற வரைக்கும் காத்திருந்து அப்புறம் கழட்டுங்க.

சரி, இப்ப பார்ட்ஸுக்கு வருவோம். பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூணும் ஒரு செட்டு, ஒண்ண மாத்தினா மத்த ரெண்டும் பெரும்பாலும் கூடவே மாறும். ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட் (பிராசஸர் உக்காரற எடம்) போர்டும் சரி, இன்டெல்லோட எல்ஜிஏ1851 போர்டும் சரி, டிடிஆர்5 ரேம் மட்டும்தான் எடுக்கும், பழைய டிடிஆர்4 உள்ளயே போகாது. ரெண்டுலயும் 288 பின்தான், ஆனா நடுவுல இருக்கற வெட்டு கொஞ்சம் தள்ளி இருக்கும், ஸ்லாட்ல நேரா வச்சு பாத்தாலே அந்த வெட்டும் ஸ்லாட்ல இருக்கற மேடும் சேரலன்னு தெரியும். சேரலன்னா அழுத்தி பாக்காதீங்க. டிடிஆர்4 ரேம காப்பாத்தணும்னா வழி இல்லாம இல்ல. எல்ஜிஏ1700 சாக்கெட்டுல, அதாவது இன்டெல் 12, 13, 14ஆம் ஜெனரேஷன்ல, டிடிஆர்4 போர்டும் இருக்கு டிடிஆர்5 போர்டும் இருக்கு, ஒரே மாடல் பேர்லயே ரெண்டும் வரும், அதனால பேருக்கு பின்னாடி டி4னு இருக்கான்னு பாத்து வாங்குங்க.

உங்ககிட்ட இருக்கறது ஏஎம்டியோட முந்தின சாக்கெட்டான ஏஎம்4 போர்டுன்னா, நீங்க புது பிசியே போட தேவையில்லாம கூட இருக்கலாம். பி450 போர்டுல ரைசன் 2600 போட்டு ஓட்டிட்டிருக்கறவங்க பயாஸ (மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடற, போர்டுலயே இருக்கற சாஃப்ட்வேர்) மட்டும் அப்டேட் பண்ணிட்டு ரைசன் 5000 சீரிஸ் பிராசஸர அப்படியே போடலாம், போர்டு ரேம் கேஸ்னு எல்லாம் அப்படியே இருக்கும். போர்டு கம்பெனியோட சைட்டுல உங்க மாடலோட சிபியு சப்போர்ட் லிஸ்ட்ட ஒரு தடவை பாத்துக்கோங்க. பழைய பிராசஸர் உள்ள இருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணணும், அத மறக்காதீங்க. பழைய பிராசஸர கழட்டும்போது இன்னொண்ணு, ஏஎம்4ல பின் எல்லாம் பிராசஸர் அடியில இருக்கும், தெர்மல் பேஸ்ட் காஞ்சு ஒட்டிக்கிட்டு கூலர இழுத்தா பிராசஸரும் சேந்து சாக்கெட்ட விட்டு பிடுங்கிக்கிட்டு வந்துடும், பின் வளைஞ்சா முடிஞ்சுது. கொஞ்ச நேரம் மெஷின ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி, கூலர மேல இழுக்காம மொதல்ல இடம் வலம்னு மெதுவா திருகுங்க. விட்டுக்கொடுக்கறது கைக்கே தெரியும், அப்புறம் தூக்குங்க.

ரேம் ஒத்துப்போச்சுன்னு வச்சுக்குவோம், பழைய ரெண்டு ஸ்டிக்கோட புதுசா ரெண்டு சேத்து நாலா போடலாமான்னா போடலாம், ஆனா எல்லாமே அதுல இருக்கறதுலயே ஸ்லோவான ஸ்பீடுக்குதான் ஓடும், ரேம அதோட முழு ஸ்பீடுக்கு ஓட்டற எக்ஸ்எம்பி செட்டிங்க ஆன் பண்ணா சில சமயம் பூட்டே ஆகாது. என்ன கேட்டா பழசு ரெண்ட வித்துட்டு ஒரே கிட்டா வாங்கறதுதான் நிம்மதி.

இப்ப பவர் சப்ளை. இதுலதான் எல்லாரும் மிச்சம் பிடிக்க பாக்கறாங்க, ஏன்னா பாத்தா நல்லாதான் இருக்கும், ஃபேன் சுத்தும். வாட் மட்டும் பாத்து ஏமாறாதீங்க. பக்கத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல 12 வோல்ட்னு போட்டிருக்கற கட்டத்துக்கு கீழ எத்தன ஆம்பியர்னு பாருங்க, அத 12ஆல பெருக்குங்க. பெருசா 500 வாட்னு போட்டு 12 வோல்ட்ல 30 ஆம்பியர்னு இருந்தா உங்களுக்கு நெஜமா கிடைக்கறது 360 வாட்தான், ஏன்னா இன்னைக்கு பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடறது பெரும்பாலும் 12 வோல்ட்டதான். 80 பிளஸ்னு போட்டிருக்கறது கரண்ட்ட எவ்ளோ வீணாக்காம குடுக்குதுங்கறதுக்கு மட்டும்தான், உள்ள இருக்கற பாதுகாப்பு சர்க்யூட் நல்லதான்னு அது சொல்லாது. நல்ல யூனிட்டுக்கு 7 வருஷம் 10 வருஷம்னு வாரண்டி குடுக்கறாங்க, அந்த வாரண்டிக்குள்ள இருந்து, வாட்டும் தாராளமா இருந்து, தேவையான கனெக்டரும் இருந்தா தைரியமா எடுத்துக்கோங்க. கேஸோட ஃப்ரீயா வந்த யூனிட்ட மட்டும் புது போர்டு பக்கத்துலயே விடாதீங்க.

கனெக்டர் பத்தலன்னா கன்வர்ட்டர் போட்டுக்கலாம்னு தோணும். ஹார்ட் டிஸ்க்குக்கு போற சாட்டா பவர்ல இருந்து கிராபிக்ஸ் கார்டோட 6 பின்னுக்கு மாத்தற சின்ன ஒயர் ஒண்ணு விக்கறாங்க பாருங்க, அத தொடவே தொடாதீங்க. 6 பின் கேபிள் கார்டுக்கு 75 வாட் வரைக்கும் குடுக்கணும், ஒரு சாட்டா கனெக்டர் 12 வோல்ட்ல தாங்கறது 54 வாட். மீதி 21 வாட் எங்க போகும்? பிளாஸ்டிக் உருகறதுலதான் போய் நிக்கும். கார்டுல ரெண்டு 8 பின் இருந்தா ரெண்டு தனித்தனி கேபிளா இழுங்க, ஒரே கேபிள்ல வால் மாதிரி தொங்கற ரெண்டாவது கனெக்டர பெரிய கார்டுக்கு பயன்படுத்தாதீங்க.

இத விட முக்கியம், மாடுலர் கேபிள், அதாவது பவர் சப்ளைல இருந்து தனியா கழட்டி மாட்டற கேபிள். பவர் சப்ளைய மட்டும் புதுசா வாங்கிட்டு, "கேபிள் எல்லாம் ஏற்கனவே அழகா இழுத்து கட்டியிருக்கே, அப்படியே இருக்கட்டும்"னு பழைய கேபிள புது யூனிட்டுல சொருகறவங்க இருக்காங்க. கேபிளோட டிரைவ் பக்கம்தான் ஸ்டாண்டர்டு. பவர் சப்ளை பக்கம் எந்த ஓட்டைல எந்த வோல்ட்டுங்கறது ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வச்சிருக்கறது, ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலுக்குள்ளயே மாறும். சாவி மாதிரி க்ளிக்னு உள்ள போய் உக்காந்துக்கும், ஆனா 5 வோல்ட் வர வேண்டிய எடத்துல 12 வோல்ட் வரும், சுவிட்ச் போட்ட அடுத்த நொடி எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் ரெண்டும் காலி. பவர் சப்ளை மாறுதுன்னா அதோட கேபிள் ஒண்ணு விடாம எல்லாம் மாறணும், இதுல பேரம் கிடையாது.

கூலர் விஷயம் கொஞ்சம் சுலபம். இன்டெல்ல எல்ஜிஏ1200 வரைக்கும் இருந்த ஸ்க்ரூ ஓட்டை இடைவெளி 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ1700ல அது 78 ஆயிடுச்சு, அதனால பழைய கூலர் நேரா உக்காராது, ஆனா நல்ல கூலர் கம்பெனிங்க மவுண்டிங் கிட் தனியா குடுக்கறாங்க. ஏஎம்4 கூலர் பெரும்பாலும் ஏஎம்5க்கு வரும், போர்டோட வர்ற பேக்பிளேட்டுலயே (போர்டுக்கு பின்னாடி இருக்கற தாங்கு தகடு) மாட்டற டைப்பா இருக்கணும், தனியா சொந்த பேக்பிளேட் போடற கூலர்னா கிட் தேடணும். ஏர் கூலர் வெறும் உலோகம்தானே, ஃபேன மாத்தினா எத்தன வருஷம் வேணா ஓடும். லிக்விட் கூலர் அப்படி இல்ல. உள்ள இருக்கற தண்ணி வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே வரும், பம்பும் தேயும், ஒழுகினா நேர கீழ இருக்கற கிராபிக்ஸ் கார்டு மேல. அஞ்சு வருஷம் தாண்டின லிக்விட் கூலர நான் புது பிராசஸருக்கு போட மாட்டேன்.

கேஸ் தாராளமா எடுக்கலாம். ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், அது உக்காருதா, கிராபிக்ஸ் கார்டு நீளம் பத்துதா, கூலர் உயரம் பத்துதான்னு டேப் வச்சு அளந்துடுங்க. போர்டு சைஸ் மாறினா அடியில இருக்கற போர்ட தாங்கற பித்தளை ஸ்டாண்ட்ஆஃப பாருங்க, புது போர்டுல ஓட்டை இல்லாத எடத்துல ஒண்ணு நின்னாலும் அது போர்டோட முதுகுல குத்தி ஷார்ட் ஆகும். ரெடிமேடா பிராண்டட் கம்பெனி வித்த பிசியோட கேஸும் பவர் சப்ளையும் மட்டும் வேற கதை, கனெக்டரும் ஸ்க்ரூ எடமும் அவங்க சொந்த டிசைனா இருக்கும், பெரும்பாலும் மல்லுக்கட்டறது வேஸ்ட்.

கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு பழசே போட்டுட்டு அப்புறம் மாத்திக்கலாம், இதுதான் இருக்கறதுலயே புத்திசாலித்தனமான மிச்சம். ரெண்டு விஷயம் மட்டும். ரொம்ப பழைய கார்டுல யுஇஎஃப்ஐ (இப்ப வர்ற போர்டுகளோட பயாஸ் முறை) சப்போர்ட் இல்லன்னா புது போர்டுல கறுப்பு ஸ்கிரீன் வரலாம், இன்டெல் பிராசஸர் பேர் கடைசியில எஃப்னு இருந்தா அதுல உள் டிஸ்ப்ளேவும் கிடையாது, அப்ப பாக்கறதுக்கே வழி இருக்காது. என்விடியால ஜிடிஎக்ஸ் 900, 1000 சீரிஸுக்கு வழக்கமான கேம் டிரைவர் 2025 அக்டோபரோட நின்னுடுச்சு, இனி செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான், ஓடற வரைக்கும் ஓட்டலாம்.

டிரைவ் எல்லாம் வரும். சாட்டா எஸ்எஸ்டி எந்த போர்டுலயும் போகும். எம்.2 எஸ்எஸ்டில (போர்டுலயே படுக்க வச்சு மாட்டற சின்ன ஸ்டிக்) சொருகற பக்கம் ரெண்டு வெட்டு இருந்தா அது பெரும்பாலும் சாட்டா டைப், புது போர்டுல நிறைய ஸ்லாட் அத விட வேகமான என்விஎம்இ டைப் மட்டும்தான் எடுக்கும், மேனுவல பாத்துக்கோங்க. எம்.2ல ஒண்ணு மாட்டினா சாட்டா போர்ட் ரெண்டு ஆஃப் ஆகற போர்டும் உண்டு, ஹார்ட் டிஸ்க் செத்துடுச்சுன்னு பயந்துடாதீங்க. விண்டோஸ் பழைய எஸ்எஸ்டியோட அப்படியே பூட் ஆகலாம், ஆனாலும் ஃப்ரெஷ்ஷா போடறதுதான் நல்லது, அப்ப புது டிரைவ் ஒண்ண மட்டும் மாட்டி வச்சு இன்ஸ்டால் பண்ணுங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கும் கூட இருந்தா இன்ஸ்டாலர் சில சமயம் பூட் பார்ட்டிஷன அதுல போய் போட்டுடும், பின்னாடி அந்த கிழட்டு டிஸ்க் போகும்போது புது எஸ்எஸ்டில இருக்கற விண்டோஸும் எழுந்திருக்காது. விண்டோஸ் லைசென்ஸ் தனியா வாங்கின ரீடெயில்னா மாத்திக்கலாம், பழைய மெஷினோட வந்த ஓஇஎம்னா அது அந்த போர்டோட போச்சு.

மாட்டும்போது போர்ட அதோட அட்டைப்பெட்டி மேல வச்சு பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை இத மட்டும் (பிராசஸர்ல உள் டிஸ்ப்ளே இல்லன்னா கிராபிக்ஸ் கார்டும்) போட்டு பயாஸ் வருதான்னு பாருங்க. டிடிஆர்5ல மொத தடவை ரேம் டிரெய்னிங்னு சில நிமிஷம் கறுப்பாவே நிக்கும், பதறி ஆஃப் பண்ணாதீங்க. பயாஸ் வந்த பிறகு எல்லாத்தையும் கேஸுக்குள்ள ஏத்தி, பழைய பார்ட்ஸ ஒவ்வொண்ணா சேத்து ஒவ்வொரு தடவையும் ஆன் பண்ணி பாருங்க, எங்க நிக்குதோ அதுதான் ஆளு.

மிஞ்சின பழைய போர்டு, பிராசஸர், ரேம பிரிக்காம செட்டாவே வையுங்க, லினக்ஸ் போட்டு ஃபைல் சர்வரா ஓட்டலாம், விக்கறதா இருந்தாலும் செட்டா இருந்தாதான் போகும். பூட் ஆகும்போது தேதி பின்னாடி போனா சிஆர்2032 பேட்டரி ஒண்ணு மாத்துங்க போதும். யாருக்காவது ஹார்ட் டிஸ்க் குடுக்கறதுக்கு முன்னாடி வெறும் ஃபார்மேட்டோட விட்டுடாதீங்க, விண்டோஸ் கமாண்டான டிஸ்க்பார்ட்ல கிளீன் ஆல் குடுத்தா டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதும், மணிக்கணக்கா ஆகும். குடுக்கறதுக்கு முன்னாடி டிஸ்க் நம்பர ரெண்டு தடவை பாத்துக்கோங்க, தப்பான நம்பர்னா உங்க புது டிரைவதான் துடைச்சிட்டிருக்கும். எஸ்எஸ்டின்னா பயாஸ்லயோ கம்பெனியோட டூல்லயோ செக்யூர் எரேஸ் இருக்கும், அத பயன்படுத்துங்க.